வெறுங்காதில் ஒரு கச்சேரி

பால்வண்ணனின் இரண்டு காதுகளுக்குள்ளும் இருந்த இணக்கிகளை டாக்டர் இடுக்கியால் எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். நிலாத்தூசு அடைத்துப் புண்ணாகியிருந்தது. நிலாக் குடியேற்றத்தின் குவிமாடத்துக்கு வெளியே வேலை பார்க்கிற எவருக்கும் அவ்வப்போது வருகிற தொல்லைதான்.

"ஒரு வாரம் வெறுங்காதோடதான் இருக்கணும்" என்றார் டாக்டர்.

"நாளைக்கு அண்ணாச்சி கச்சேரில்லா இருக்கு" என்றார் பால்வண்ணன்.

"அதனாலென்ன, கண்ணால பாருங்க."

இணக்கி என்பது பட்டாணி அளவுள்ள கருவி. வெளியிலிருந்து வருகிற சத்தத்தைக் காதுக்குச் சொந்தக்காரர் விரும்புகிற விதமாக மாற்றி உள்ளே அனுப்பும். மேலதிகாரி திட்டினால் வேண்டுகோளாகக் கேட்கும். மச்சான் பெருமையடித்தால் மழைச் சத்தமாகக் கேட்கும். கச்சேரிக்குப் போனாலோ, பாடகர் எப்படிப் பாடினாலும் இசைத்தட்டில் பழகிய பழைய பாட்டு அப்படியே, இம்மி பிசகாமல் கேட்கும். நிலாக் குடியேற்றத்தில் சண்டை சச்சரவு குறைந்ததற்கு இணக்கிதான் காரணம் என்று நிர்வாகம் சொல்கிறது. புத்தி குறைந்ததற்கும் அதுதான் காரணம் என்று நான் சொல்வேன். ஆனால் அது யார் காதிலும் விழாது.

வீட்டுக்குள் நுழைந்ததும், "தூசியோட உள்ள வராதீங்கன்னு எத்தன தடவ சொல்லுதது?" என்று கேட்டாள் மனைவி சங்கரவடிவு. கல்யாணமான நாளிலிருந்து மனைவியின் அசல் குரலைக் கேட்டிராத பால்வண்ணன் வெளியே போய் வீட்டு எண்ணைச் சரிபார்த்துவிட்டு வந்தார்.

அண்ணாச்சி என்றால் சாலமோன் அருமைநாயகம். பூமியில் ஒரு காலத்தில் கூரையைப் பிய்த்த 'இடிதாங்கி' ராக் குழுவின் கிதார்காரர், பாடகர். வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. இடது கை விரல்கள் நான்கு, புதிதாக வைத்தவை. அவருடைய 'நில்லு நில்லு ரயிலே' பாட்டைத் தெரியாத தமிழர் எந்தக் கோளிலும் இல்லை. காதலி ஏறிப் போகிற ரயிலை, நில் நில் என்று ஓர் இளைஞன் தொண்டை கிழியக் கத்துகிற பாட்டு.

பால்வண்ணனுக்கு அந்தப் பாட்டின்மேல் வேறொரு பற்றும் இருந்தது. அவர் மகள் நாச்சியார் போன வருடம் செவ்வாய்க்கு வேலைக்குப் போனாள். போகாதே என்று ஏவுதளத்திலேயே நின்று கத்தியவர், அவள் திரும்பிப் பார்த்தபோது கை கூட அசைக்கவில்லை. அன்றிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது. தினமும் அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்பார், தன் கட்சிக்குப் பேச ஓர் ஆளாவது இருக்கிறது என்ற நிம்மதிக்காக.

மறுநாள் வெறுங்காதோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். காது வலிக்கிற ஆளோடு வந்தால் நிம்மதியாகக் கேட்க முடியாது என்று சங்கரவடிவு வரவில்லை. நிலாவில் எம்பி ஆடினால் ஆள் கூரை வரைக்கும் போய்விடுவார் என்பதால் மேலே வலை கட்டியிருந்தார்கள். அண்ணாச்சி ஒற்றைக் கிதாரோடு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். மெதுவாக, மிக மெதுவாக, ஒவ்வொரு தந்தியாகத் தொட்டார்.

அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் எம்பிக் குதித்து வலையில் முட்டியது. அவர்களுக்குள் பழைய டிரம்ஸ் அதிர்ந்துகொண்டிருந்தது. பால்வண்ணன் காதில் விழுந்ததோ தாலாட்டு மாதிரி ஏதோ ஒன்று. 'பாட்டைக் கொலை பண்ணுதாரு மனுசன்' என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம்தான் வரிகள் காதில் ஏறின. போ போ ரயிலே, என்று பாடிக்கொண்டிருந்தார் அண்ணாச்சி. நேரத்துக்குக் கொண்டு போய்ச் சேர்த்துவிடு. ஜன்னலோரம் இடம் கொடு. திரும்பிப் பார்த்தாளானால், நான் சிரித்துக்கொண்டுதான் நின்றேன் என்று சொல்லு.

இசைத்தட்டில் பாட்டு முடிகிற நேரம் வந்ததும் கூட்டம் கைதட்டி விசிலடித்துவிட்டுச் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தது. அண்ணாச்சி அதற்குப் பிறகும் பாடிக்கொண்டே இருந்தார். பால்வண்ணன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நாச்சியாரின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. பெற்ற பிள்ளைக்குக் கை அசைக்காமல் நின்ற பாவியாகிவிட்டோமே என்று நெஞ்சு வெந்தது.

கச்சேரி முடிந்ததும் அண்ணாச்சியே ஆள் அனுப்பி அவரைக் கூப்பிட்டார்.

"எல்லாரும் கை தட்டுத நேரத்துல நீ ஏம்லே அழுத?"

"என் காதுல இணக்கி இல்ல அண்ணாச்சி. நீங்க பாடினது அப்படியே கேட்டுச்சு."

கிழவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. "இந்தக் கருமம் வந்ததுல இருந்து நான் பாடுதத ஒருத்தரும் கேட்டதில்ல. ஒவ்வொரு கச்சேரிக்கும் மாத்தித்தான் பாடுதேன். ஒண்ணு போலவே கொட்ட நான் என்ன தண்ணிக் குழாயா? நாளைக்கும் வா. வீட்டம்மாவையும் வெறுங்காதோட கூட்டிட்டு வா."

பால்வண்ணன் வீட்டுக்குப் பறந்தார்; நிலாவில் அது பெரிய வித்தையில்லை. பாட்டைச் சங்கரவடிவிடம் வரி வரியாகச் சொன்னார், சொல்லும்போதே இரண்டு முறை அழுதார்.

"நாளைக்கு நீயும் கேளு. கேட்டுட்டு ரெண்டு பேருமா பிள்ளகிட்ட பேசுவோம்."

"பாட்டு கேட்டாத்தான் பிள்ளகிட்ட பேசுவீங்களோ?" என்றாலும் அவளுக்குள் சந்தோஷம்தான். மறுநாள் கச்சேரியில் இணக்கியை அணைத்து வைக்கச் சம்மதித்தாள். பால்வண்ணன் அதோடு விடவில்லை. பக்கத்து வீடு, எதிர்வீடு, மாடிவீடு என்று எல்லோரையும் பிடித்து அந்தப் பாட்டின் மகிமையைச் சொன்னார். கேட்டவர்கள் எல்லோரும் காதை அணைப்பதாக வாக்குக் கொடுத்தார்கள். மறுநாள் முன்னால் மூன்று வரிசை வெறுங்காதுகள். அதைக் கண்ட அண்ணாச்சியின் முகம் பூரித்துப்போனது.

கிதாரைச் சுண்டினார். துள்ளலாக, குறும்பாக ஒரு தாளம் வந்தது. இன்றைக்குப் பாடியது காதலனுமில்லை, கிழவனுமில்லை. ரயிலே பாடியது. நில்லுன்னா நிக்கவும் போன்னா போகவும் நான் என்ன உங்க வீட்டு வேலைக்காரனா, தண்டவாளம் போட்டதும் நீங்க, டிக்கெட் எடுத்ததும் நீங்க, திட்டு மட்டும் எனக்கா என்று அது வம்பளந்தது. சங்கரவடிவு விழுந்து விழுந்து சிரித்தாள். தொடையில் தாளம் தட்டினாள்.

பால்வண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"இது இல்ல அண்ணாச்சி. நேத்துப் பாடினதப் பாடுங்க."

"நல்லால்லா இருக்கு, உக்காருங்க" என்று சங்கரவடிவு சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உனக்கென்ன தெரியும்? நேத்துப் பாடினதுதான் ஒரிஜினல்."

"பிள்ளயும் அன்னைக்குப் பார்த்த மாதிரியே இருக்கணும், பாட்டும் நேத்துக் கேட்ட மாதிரியே இருக்கணும். என்ன மனுசரு நீங்க?"

அவர் காதில் அது விழவில்லை. இணக்கி இல்லாமலே விழவில்லை. இரண்டு கையையும் தூக்கி, "நேத்து மாதிரி, நேத்து மாதிரி" என்று கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் கத்தினார். மாடிவீட்டுக்காரர்கள் கத்தினார்கள். நேற்றைக்குக் கச்சேரிப் பக்கமே வராதவர்கள், அந்தப் பாட்டை ஒருமுறைகூடக் கேட்டறியாதவர்கள், மூன்று வரிசையும் சேர்ந்து நேற்றைய பாட்டுதான் வேண்டும் என்று காலால் தரையை உதைத்தார்கள்.

அண்ணாச்சி கிதாரை நிறுத்தினார். கத்துகிற வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, காதுக்குள் விரலை விட்டு எதையோ அழுத்தினார். மேடையேறுகிறவர்களுக்கென்று இணக்கியில் ஒரு தனி வசதி உண்டு. கூட்டம் என்ன கத்தினாலும் பாடகர் காதில் அது கைதட்டலாகவே கேட்கும்.

கிழவரின் முகம் மலர்ந்தது. நெஞ்சில் கை வைத்து, முன்வரிசையில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த பால்வண்ணனுக்குக் குனிந்து வணக்கம் சொன்னார்.

"நன்றி தம்பி, ரொம்ப நன்றி. நீங்கள்லாம் இருக்கக்கொண்டுதான் நான் இன்னும் பாடுதேன்."