கை மாறிய சுமை

அம்சவள்ளி எந்தப் பக்கம் உட்கார்ந்தாளோ அந்தப் பக்கம் படகு சாய்ந்தது.

முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளைவெளேரென்ற உல்லாசப் படகு; மெத்தை தைத்த இருக்கை, பித்தளைக் கைப்பிடி, கீழே படுக்க ஓர் அறை, ஐஸ்பெட்டி நிறைய கலர் பாட்டில். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வாங்கியது. புதுச்சேரியில் கான்ட்ராக்ட் எடுத்துப் பெரிய கையாகிவிட்ட தெய்வசிகாமணிக்கு, உறவுக்காரர்களை அதில் ஏற்றி வாயைப் பிளக்க வைப்பதில் ஒரு சந்தோஷம். காலையில் கிளம்பினால் கரையை ஒட்டியே கடலூர் முகத்துவாரம் வரைக்கும் போய், தென்னந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டே பிரியாணி தின்றுவிட்டு, வெயில் தாழத் திரும்பிவிடலாம்.

"தங்கச்சி, கொஞ்சம் நடுவுல உக்காரும்மா. போட்டு ஒருச்சாய்ஞ்சிக்கினே போவுது," என்றார் சுக்கான் பிடித்திருந்த கந்தசாமி.

"எட்டு மாசம்யா அவளுக்கு. உள்ள இருக்கிறவன் எங்க அக்கா பேரன். கனமாத்தான் இருப்பான்," என்று தெய்வசிகாமணி தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"நீங்க மட்டும் இன்னா பஞ்சு மூட்டையா? போட்டே உங்களாலதான் கோணிக்கினு கெடக்குது," என்றாள் அவர் மனைவி ஜெயம்மாள்.

அம்சவள்ளியும் சிரித்தாள். எழுந்து நடுவில் வந்து உட்கார்ந்தாள். படகு நிமிரவில்லை. தான் விட்டுவந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே மெத்தை இன்னும் அமுங்கியே இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்து, முழங்காலில் கையூன்றி யாரோ எழுந்திருப்பது போல் மெல்ல மேலே வந்தது. அப்புறம் அவள் பக்கத்து மெத்தை அமுங்கியது.

புது மெத்தை அப்படித்தான் இருக்கும்போல என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். இரண்டு கரு கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை இது. "இதுவும் நிக்கலன்னா வேற எடம் பாத்துக்க வேண்டியதுதான்," என்று அவள் புருஷன் வெங்கடேசன், சோற்றிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொல்லியிருந்தான். வேறு இடம் பார்ப்பது அவனுக்குப் புதிதல்ல. அம்சவள்ளியே அப்படிப் பார்த்த இடம்தான்.

அவர்கள் கடலுக்கு வந்தது உல்லாசத்துக்காக மட்டும் இல்லை. எண்பத்தேழாம் வருஷம் அது. இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல். கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம் எந்தப் பக்கம் போனாலும் ரோட்டின் குறுக்கே புளியமரம் வெட்டிக் கிடந்தது. ரிஷிவந்தியம் ரோட்டில், தங்கள் நிலத்தை ஒட்டிய இடத்தில், வெங்கடேசனும் டிராக்டரோடு நின்றான். அங்கே வெட்டுவதற்கு மரம் இல்லை. சோறு கொண்டுபோன அம்சவள்ளிதான் கையை நீட்டிக் காட்டினாள். "அதோ, அந்தக் கல்லு இருக்குதே."

சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல். விறகோ புல்லோ தலையில் கொண்டுவருகிறவர்கள் யார் உதவியும் கேட்காமல் அதன்மேல் சுமையைச் சாய்த்துவிட்டுக் கழுத்தை ஆற்றிக்கொள்ளலாம். சும்மா வைக்கிற கல் இல்லை அது. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காக வைப்பது. இறக்காத சுமையோடு போனவள் அவள். ஊரார் தங்கள் சுமையை அந்தக் கல்லில் இறக்க இறக்கத்தான் அவளுக்கும் பாரம் குறையும்.

அந்தக் கல் சின்னக்கண்ணுவுக்கு வைத்தது. வெங்கடேசனின் முதல் மனைவி. நிறைமாதத்தில் கடலைக் கொல்லையிலிருந்து ஒரு கட்டு மல்லாட்டைக் கொடியைத் தூக்கிவந்தவள், வரப்பில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த புருஷனிடம், கொஞ்சம் ஒரு கை குடுங்க, இறக்கிக்கிறேன் என்று கேட்டாள். அக்கம்பக்கத்து ஆட்கள் பார்க்க, பொம்பளை சுமையைத் தொடுவதா என்று அவன் அசையவில்லை. அவள் சுமையோடேயே நடந்தாள். வீட்டு வாசலில் விழுந்தாள். எழவில்லை.

மறியல் கூட்டத்தில் இருந்த பெரியவர்கள் அந்தக் கல்லைத் தொடக் கூடாது என்றார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை. "எம் பொண்டாட்டி கல்லு. எவன் கேக்கறது?" என்று வெங்கடேசனே சங்கிலி மாட்டி டிராக்டரால் இழுத்தான். கல் முறிந்த சத்தம் இடுப்பு முறிகிற சத்தம் போலக் கேட்டது. அம்சவள்ளி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது என்பதும் உண்மை. தான் போகிற வழியில் தினமும் சின்னக்கண்ணு கல்லாய் நின்றுகொண்டிருந்தது இனிமேல் இல்லை.

போலீஸ் ஆட்களைத் தேடுகிறது என்றதும் வண்டிப்பாதை வழியாகவே ஜீப்பை ஓட்டி, புதுச்சேரியில் மாமன் தெய்வசிகாமணி வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

வெயில் ஏறியது. கரையில் தென்னைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பின்னால் போயின. தெய்வசிகாமணியும் வெங்கடேசனும் முன்பக்கம் போய் சீட்டு போட ஆரம்பித்தார்கள். எஞ்சின் ஒரே சுருதியில் உறுமியது. டீசல் நெடியும் உப்புக்காற்றும் கலந்து வந்தன. அந்த நெடிக்குள் வேறொரு வாசனை இருப்பது அம்சவள்ளிக்கு மெதுவாகத்தான் உறைத்தது. ஈரமண். அப்போதுதான் பிடுங்கிய மல்லாட்டைக் கொடியின் பச்சை வாசனை. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் உப்புத் தண்ணீர், அதன் நடுவில் தங்கள் கொல்லையின் வாசனை. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். போகவில்லை.

கீழறைக்கு இறங்குகிற மரப்படியில் யாரோ ஏறுகிற சத்தம் கேட்டது. ஒரு படி. நின்றது. உஸ்ஸ் என்று வாயால் காற்றை விடுகிற சத்தம். பாரம் தூக்குகிறவர்கள் விடுவார்களே, அந்த மூச்சு. மறுபடி ஒரு படி. மரம் முனகியது.

பிரியாணிக் குண்டான் கீழேதான் இருந்தது. ஜெயம்மாள் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறாள் என்று அம்சவள்ளி நினைத்தாள்.

"இந்தாம்மே, ஒரு கை குடேன்," என்று குரல் வந்தது. களைத்த குரல். "கழுத்து ஒடியுது."

அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு இதற்கு யோசனை தேவைப்படாது. வழியில் எவள் கேட்டாலும், பகையாளியே கேட்டாலும், நின்று ஒரு கை கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். குழந்தையிலிருந்து பழகிய கை அது. மனசு நினைப்பதற்கு முன்னால் கை நீண்டுவிடும். அம்சவள்ளி கடலைப் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டினாள்.

"குடு, எறக்கு," என்றாள்.

சுமை கைக்கு வந்தது.

குண்டான் இல்லை. சூடு இல்லை, விளிம்பு இல்லை. வெறும் கனம். குளிர்ந்த கனம். விரலில் இறங்கி, முழங்கையில் இறங்கி, தோளைக் கீழே இழுத்து, மார்பு வழியாக வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் அம்மா என்றாள். திரும்பினாள். படியில் யாரும் இல்லை. முன்பக்கத்துப் பந்தலின் கீழ் ஜெயம்மாள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

படியின் மேல்தட்டில், ஒரு பெண் நெடுமூச்சு விட்டாள். ஆறுதலான மூச்சு.

கந்தசாமிதான் முதலில் கத்தினார். "முதலாளி! தண்ணி ஏறுது! போட்டு அமுங்குது!"

அமுங்கித்தான் போயிருந்தது. காலையில் கைக்கெட்டாத ஆழத்தில் இருந்த கடல், இப்போது விளிம்புக்கு ஒரு சாண் கீழே நெளிந்தது. ஐஸ்பெட்டியைத் தள்ளினார்கள். நாற்காலிகளைத் தள்ளினார்கள். பிரியாணிக் குண்டான் மூடியோடு போனது. படகு எழும்பவில்லை.

"கரைக்குத் திருப்புய்யா!"

"இங்க முடியாது முதலாளி. கரைகிட்ட பூரா மணல் திட்டு. அலை தூக்கி அடிச்சிடும். முகத்துவாரத்துக்குத்தான் போயாவணும். இந்தக் கனத்தோட போவாது."

அம்சவள்ளி புருஷனிடம் போக எழுந்தாள். அவள் அடியெடுத்து வைத்த பக்கம் படகு தலையைக் குனிந்தது. இன்னும் ஓர் அடி. தண்ணீர் விளிம்பைத் தாண்டி அவர்கள் காலை நனைத்தது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"இன்னாங்க, அவ வந்துக்கிறா," என்றாள். பல் கிட்டித்தது. "உங்க மொதப் பொண்டாட்டி. ஒரு கை குடுன்னு கேட்டா. நான் குட்த்துட்டேன்."

வெங்கடேசன் முகம் செத்துப்போனது. "அவ கேட்டா நீ எதுக்குடி வாங்கன?" என்றான்.

தெய்வசிகாமணி பின்னால் கயிற்றில் மிதந்துவந்த சின்னத் தோணியைப் பார்த்தார். பிறகு அம்சவள்ளியைப் பார்த்தார்.

"புள்ளத்தாச்சியவா?" என்றார் கந்தசாமி. "வாணாம் முதலாளி. நான் எறங்கறேன்."

"நீ எறங்கினா போட்ட யாரு ஓட்றது, உங்கப்பனா?"

"அத்த!" என்று ஜெயம்மாளின் கையைப் பிடித்தாள் அம்சவள்ளி. ஜெயம்மாள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "கொஞ்ச நேரந்தாம்மா. கயிறுதான் கட்டிக்கிதே. பின்னாலயே வந்துக்கினு இருப்ப," என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்.

வெங்கடேசன்தான் அக்குளில் கை கொடுத்து இறக்கினான். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்காக அவன் ஒரு சுமையைத் தூக்கியது அன்றைக்குத்தான். தோணி விளிம்பு வரைக்கும் அமிழ்ந்து நின்றது. பெரிய படகு குபுக்கென்று எழும்பியது. யாரோ கைதட்டினார்கள்.

கயிறு இறுகியது. இழுத்தது. தோணி நகரவில்லை. எஞ்சின் அலறியது, புகை கக்கியது. கயிறு கம்பிபோல் விறைத்து நடுங்கியது.

வெங்கடேசன் குனிந்தான். முடிச்சில் கை வைத்தான்.

"இன்னாங்க… வாணாங்க."

"முகத்துவாரத்துல ஆள் இட்டாரேன்டி. இங்கியே இரு."

"வயித்துல உங்க புள்ள இருக்குதுங்க!"

அவன் விரல்கள் நிற்கவில்லை. முடிச்சு பிரிந்தது. கயிற்றின் நுனி தண்ணீரில் விழுந்து, பாம்புபோல் அவளிடம் நீந்திவந்தது.

படகு விலகியது. இலகுவாக, காலையில் போகாத வேகத்தில், கோணாமல் போனது. வெங்கடேசன் திரும்பினான்.

மெத்தை இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

அம்சவள்ளிக்கு முதுகு தெரிந்தது. மண் ஒட்டிய பழைய சேலை. வெறுந்தலை. பல காலம் வளைந்திருந்த கழுத்தை இப்படியும் அப்படியும் சொடுக்கி நிமிர்த்திக்கொண்டிருந்தாள். பிறகு பக்கவாட்டில் திரும்பினாள். வயிறு உருண்டு நின்றது. எட்டு மாத வயிறு. அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது, சேலைக்கு அடியில் ஒரு கால் உதைத்து நகர்ந்தது.

ஜெயம்மாள் அவளைத் தாண்டிப் போனாள். போகிற போக்கில் தோளைத் தட்டி, "எல்லாம் செரியாப் பூட்ச்சி அம்சா, படுத்துக்கோ," என்றது காற்றில் கேட்டது.

வெங்கடேசன் மட்டும் நின்றான். அவனுக்கு அவள் யாரென்று தெரிந்தது. அவன் ஒரு தரம் தோணியைப் பார்த்தான். ஒரு தரம் அந்த வயிற்றைப் பார்த்தான். உயிருள்ள வயிறு. பிள்ளை துள்ளுகிற வயிறு. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அவன் கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். அவன் இழுத்துக்கொள்ளவில்லை.

எஞ்சின் சத்தம் தேய்ந்தது. வெயில். தண்ணீர் தட்டாக இருந்தது.

அம்சவள்ளி தன் வயிற்றைத் தொட்டாள். சேலைக்கு மேலேயே சில்லிட்டது. அழுத்திப் பார்த்தாள். ராஜா, என்றாள். ஒரு தரம் உதைடா, என்றாள். காத்திருந்தாள்.

உதைக்கவில்லை. உள்ளே, மிகப் பழைய ஒன்று, இடத்தை அகலப்படுத்திக்கொண்டு திரும்பிப் படுத்தது.