தூசுக்குப் பிறந்த வீடு

புகார் கொடுத்தவர் வீட்டில் தூசே இல்லை.

வெண்பவளம் குடியிருப்பின் எட்டாவது மாடியில், காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்ததுமே மாசு ஆய்வாளர் தணிகைமலைக்கு அது தெரிந்துவிட்டது. தரை முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது. ஜன்னல் கம்பிகளைக்கூட ஒவ்வொன்றாகத் துடைத்திருந்தார்கள். பினாயில் வாசனையும் ஊதுபத்தி வாசனையும் ஒன்றோடொன்று போட்டி போட்டன.

"என்னம்மா, எல்லாத்தையும் துடைச்சு வச்சிருக்கீங்களே?"

"ஆபீசர் வர்றார்னு சொன்னாங்க. வீட்டை அப்படியே போட்டு வைக்க முடியுமா சார்?" என்றாள் தேன்மொழி. வீட்டுக்காரர் சிவநேசனின் மனைவி அவள்.

நம் ஜனங்களை என்ன செய்வது? தூசு தாங்க முடியவில்லை என்று அழுது புகார் கொடுப்பார்கள். அதைப் பார்க்க ஓர் ஆள் வருகிறார் என்றதும், விடிவதற்குள் எழுந்து சாட்சி மொத்தத்தையும் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். தூசின் பிறப்பிடத்தைக் கண்டுபிடிக்கும் கருவி வந்துவிட்டது, விருந்தாளி வருமுன் வீட்டைப் பெருக்காமல் இருக்கச் சொல்லித்தரும் கருவி இன்னும் வரவில்லை.

எதிர்த்தரப்பும் வந்திருந்தது. எதிரே எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் பொறியாளர் ஜெசிந்தா, வாசலிலேயே நின்றாள். ஆய்வின்போது இரண்டு தரப்பும் இருக்க வேண்டும் என்பது விதி.

"ஷூவைக் கழட்டிட்டு வாங்க. காலையும் கழுவிட்டா நல்லது," என்றார் சிவநேசன்.

ஜெசிந்தா ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். தேன்மொழி ஆய்வாளருக்கு மட்டும் காபி கொண்டுவந்து வைத்தாள்.

உள்ளறையிலிருந்து இருமல் கேட்டது. ஏழு வயது அமுதினி. நெஞ்சுக்குள் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி இழுத்து இழுத்து இருமினாள். சிவநேசனின் முகம் அந்தச் சத்தத்தில் சுருங்கியது.

"கேட்டீங்களா சார்? மூணு மாசமா இப்படித்தான். அந்தச் சிமென்ட் கல்லறுக்கிற மெஷின் சரியா எங்க ஜன்னலுக்கு நேரா நிக்குது. தள்ளி வைங்கன்னு எத்தனையோ தடவை கேட்டாச்சு."

"மெஷினை மாத்தினா வேலை பத்து நாள் தள்ளிப்போகும் சார்," என்றாள் ஜெசிந்தா. "மழைக்கு முன்னாடி முடிச்சாகணும். நானூறு குடும்பம் கால்வாய் ஓரம் தகரக் கொட்டாயில கிடக்குறாங்க. போன மழைக்கு இடுப்பளவு தண்ணி. ரெண்டு மாசம் பொறுத்துக்கக் கூடாதா?"

"எங்க பொண்ணு ரெண்டு மாசம் மூச்சு விடாம இருக்கணுமா?"

"தூசு பறக்காம வலை கட்டுறது வேற கம்பெனி. அவங்கதான் சரியா கட்டல."

"அந்தக் கதையே வேண்டாம்." சிவநேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தூசு யாருடையதோ, அது உதிர்ந்த சுவரும் அவருடையதே. சட்டத்துல இருக்கிற வரி. எங்க குடியிருப்போர் சங்கம் கோர்ட்டு வாசல்ல ஆறு வருஷம் நின்னு வாங்கின வரிம்மா அது. நான்தான் அப்போ செயலாளர்."

அவர் சொன்னது உண்மை. ஆரம்பத்தில் கட்டுநர்கள் எல்லோரும் கையை விரித்தார்கள். தூசு ஆற்று மணலுடையது, மலைக்கல்லுடையது, எங்களுடையது இல்லை என்றார்கள். அதனால் சட்டம் திருத்தப்பட்டது: மனிதக் கை எந்த இடத்தில் முதன்முதலாக ஒரு துகளைச் சுவராக்கியதோ, அதுவே அதன் பிறப்பிடம். பிறகு, அந்தச் சுவரே எங்களுடையது இல்லை என்று நழுவப் பார்த்தார்கள். அப்போதுதான் சிவநேசனின் வரி வந்தது. இரண்டும் சேர்ந்த பிறகு யாராலும் நழுவ முடியவில்லை. ஆய்வாளர் வண்டி தெருமுனையில் திரும்பும்போது அவசரமாகத் தண்ணீர் தெளிக்கும் பழைய வித்தையும் பலிக்கவில்லை.

தணிகைமலை பையிலிருந்து பிறப்பிடங்காட்டியை எடுத்தார். தேங்காய் அளவு கண்ணாடி உருண்டை. எல்லோரும் அதை உருண்டை என்றுதான் அழைத்தார்கள். சுண்ணாம்போ சிமென்ட்டோ இறுகும்போது ஏற்படும் சூடு ஒவ்வொரு துகளுக்குள்ளும் ஒரு தழும்பை விட்டுச்செல்கிறது. எத்தனை முறை உடைத்தாலும், அரைத்தாலும், முதல் தழும்பு அழிவதில்லை. உருண்டை கக்கும் ஒளிப்பனி அந்தத் தழும்பைத் தொட்டதும் துகள் மினுங்கும். இந்த நகரின் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனி நிறச் சாயல். இடிக்கப்பட்டவற்றின் சாயல்கூட, இடிக்குமுன் எடுத்த அளவையில் பதிவாகியிருந்தது.

"ஜன்னலைச் சாத்துங்க. விளக்கை அணைங்க," என்றார்.

வெளியே மழை மேகம் திரண்டிருந்ததால் மத்தியானமே மங்கலாக இருந்தது. உருண்டை மெல்லப் பனியைக் கக்கியது. கூடத்தின் வெறுங்காற்று கண் விழித்தது.

பல வருடமாக இந்த வேலையில் இருக்கிறார் தணிகைமலை. இருந்தும் இந்த ஒரு கணத்தில் வந்த வேலையை மறந்து பார்த்துக்கொண்டே நிற்பார். ஒன்றுமே இல்லை என்று நாம் நினைக்கும் இடத்தில் எவ்வளவு இருக்கிறது! துடைத்துத் துடைத்துப் பளபளக்க வைத்த அந்த வீட்டின் நடுவில், ஆயிரமாயிரம் துகள்கள் நிதானமாக நீந்தின. சுவராகவே ஆகாதவை வெறும் வெள்ளையாக ஒளிர்ந்தன: நம் தோலிலிருந்து உதிர்ந்தவை, துணியின் நூல்கள், வாசலில் தேன்மொழி போட்ட கோலத்தின் பொடி, கடல் தாண்டி ஏதோ பாலைவனத்திலிருந்து வந்த மணல். அத்தனையும் ஒரே வீட்டில், ஒரே மூச்சில் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தன.

"பச்சை எங்க?" என்றார் சிவநேசன். எதிர்க் கட்டடத்தின் சாயல் பச்சை.

பச்சை இருந்தது, அங்கொன்று இங்கொன்றாக. மீதியெல்லாம் காலையில் துடைப்பத்தோடு போயிருந்தது. ஜெசிந்தாவின் தோள் சற்றே தளர்ந்தது. தேன்மொழி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"குழந்தை ரூமைப் பார்த்துடலாம்," என்றார் தணிகைமலை.

அந்த அறைக் கதவைத் திறந்ததும் நால்வரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

அறை முழுவதும் நிறங்கள். செம்மண் நிறம், நீலம், வெளிர் மஞ்சள், வெற்றிலைச் சிவப்பு. கட்டிலில் உட்கார்ந்திருந்த அமுதினி தன்னைச் சுற்றி மிதந்த ஒளியை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இருமியபோது வண்ணங்கள் சிதறி விலகி, மறுபடி அவளைச் சூழ்ந்தன. கட்டிலுக்குப் பின்னால் இருந்த அலமாரியைத் தணிகைமலை நகர்த்தினார். சுவர் அங்கே பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அதன் அடியிலிருந்துதான் நிறங்கள் புகைபோலக் கிளம்பின. விருந்தாளிக்காக வீட்டைத் துடைப்பவர்கள்கூட அலமாரிக்குப் பின்னால் துடைப்பதில்லை.

"இது என்ன சாயல்? எங்க கட்டடம் சாம்பல் நிறம்னுதானே பதிவு?" சிவநேசனின் குரல் இறங்கியிருந்தது.

உருண்டை தன் மரத்த குரலில் சொன்னது: "பிறப்பிடம்: சங்குக்கால்வாய்த் தெரு. நூற்றிருபது வீடுகள். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் இடிக்கப்பட்டவை. இடிபாடு அரைக்கப்பட்டு, வெண்பவளம் குடியிருப்பின் சுவர்க்கற்களில் கலக்கப்பட்டது."

ஜெசிந்தா சுவரருகே போனாள். நீலம் கசிந்த இடத்தில் விரலை வைத்தாள். விரல் நுனி ஒளிர்ந்தது.

"நீலம் யார் வீடு?" என்று உருண்டையைக் கேட்டாள்.

"கதவு எண் நாற்பத்தொன்று. அந்தோணிசாமி."

"எங்கப்பா," என்றாள் ஜெசிந்தா. பிறகு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "சுண்ணாம்புல நீலம் கலந்து வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவரே அடிப்பாரு. அந்த வீட்டை இடிச்சப்போ எனக்கு இந்தப் பொண்ணு வயசு. எங்க தெருக்காரங்களும் அவங்க பிள்ளைங்க குடும்பங்களும்தான் இப்ப அந்தக் கொட்டாயில இருக்கிறவங்க. அவங்களுக்குத்தான் எதிர்ல கட்டுறேன்."

தணிகைமலை ஜன்னலைத் திறந்து உருண்டையை வெளியே நீட்டினார். அது விதியில் இல்லை. அவருக்குப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பனி காற்றில் விரிந்து, குடியிருப்பின் பக்கத்துப் பகுதியைத் தொட்டது. மேகம் இருண்ட அந்தப் பொழுதில் பதினான்கு மாடிச் சுவரும் அடியிலிருந்து நுனிவரை மெல்ல மெல்ல எரியத் தொடங்கியது. நூற்றிருபது வீடுகளின் நிறமும் ஒன்றுக்குள் ஒன்று பின்னி, செங்குத்தாக எழுந்து நின்றன. தரையிலிருந்து துடைத்தெறியப்பட்ட ஒரு தெரு முழுவதும் வானத்தைப் பார்க்க நிமிர்ந்து நின்றது. எதிர்க் கட்டடத்தில் சாரத்தின் மேலிருந்த ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

தணிகைமலைக்குக் கண் கலங்கியது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"ஆய்வு முடிந்தது," என்றது உருண்டை. "வீட்டு உரிமையாளர் விரல் பதிக்கவும்."

சிவநேசன் பழக்கத்தில் கட்டைவிரலை வைத்தார். உருண்டை சிவந்தது.

"பொருந்தவில்லை. தூசு யாருடையதோ, அது உதிர்ந்த சுவரும் அவருடையதே."

"சார், மெஷின் தப்பா சொல்லுது."

"அது தப்பு சொல்லாதுங்க," என்றார் தணிகைமலை தயக்கத்தோடு. "உங்க வரியைத்தான் சொல்லுது."

"அப்போ புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"முடியாதுங்க. பாதியில புகாரை வாபஸ் வாங்க வச்சு ஏமாத்துறாங்கன்னு, அதையும் உங்க சங்கம்தானே தடுத்துச்சு? விரல் விழற வரைக்கும் எதிர்ல வேலை நடக்கக்கூடாது."

எல்லோரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். விரலை வைத்தால் இந்தச் சுவர் அவளும் அவள் தெருக்காரர்களும் சேர்ந்த சொத்து. இது உதிர்க்கும் தூசுக்கும் அவர்களே பொறுப்பு. வைக்காவிட்டால் எதிர்க் கட்டடம் அப்படியே நிற்கும், கால்வாயில் தண்ணீர் ஏறும். நீலம் ஒட்டிய அந்த விரலையே அவள் உருண்டையின் மேல் வைத்தாள். அது பால் நிறத்தில் ஒளிர்ந்தது.

"உரிமை ஏற்கப்பட்டது," என்றது. பிறகு, புதிதாக ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரராகும் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை அவளிடமும் கேட்டது: "எதிரே நடைபெறும் கட்டுமானத்தின் மீது தங்களுக்குப் புகார் உண்டா?"

திறந்த ஜன்னல் வழியே காற்று வீசியது. கல்லறுக்கும் இயந்திரத்திலிருந்து ஒரு பச்சை மேகம் கிளம்பி, நடுவில் ஓடும் கால்வாயைத் தாண்டி, நேரே அறைக்குள் வந்து படர்ந்தது. தான் தினமும் அனுப்பியதை ஜெசிந்தா முதன்முறையாக இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். அது அமுதினியின் மூக்கை நோக்கிப் போவதையும் பார்த்தாள். குழந்தை இருமத் தொடங்கினாள்.

"புகார் இல்லன்னு சொல்லிடுங்கம்மா," என்றார் சிவநேசன் அவசரமாக. "ரெண்டு மாசம்தானே, பொறுத்துக்கலாம். அந்தக் கட்டடம் சீக்கிரம் முடியட்டும்."

அது முடியாவிட்டால் நானூறு குடும்பத்தாரும் தங்கள் சுவர்களைத் தேடி எங்கே வருவார்கள் என்று அவர் கணக்குப் போட்டுவிட்டார்.

"உங்க பொண்ணுக்கு மூச்சு முட்டுது சார். எப்படிப் பொறுத்துக்கிறது?" என்றாள் ஜெசிந்தா.

சொல்லிவிட்டு அவளே திகைத்தாள். பிறகு கைபேசியை எடுத்தாள்.

"மேஸ்திரி, அந்தக் கல்லறுக்கிற மெஷினைத் தூக்கி அந்தாண்ட ஏரிப் பக்கம் வைங்க. இப்பவே. பத்து நாள் ஆனா ஆகட்டும், ராத்திரியும் சேர்த்துப் பார்த்துக்கலாம். இந்தப் பக்கம் ஈரவலை கட்டிட்டு அப்புறம் மத்த வேலை. ஆமா, நான்தான் சொல்றேன். அப்படியே நாளைக்கு ரெண்டு பூச்சுக்காரங்களை இங்க எட்டாவது மாடிக்கு அனுப்புங்க. ஒரு சுவர் உதிருது."

உருண்டையைப் பார்த்து, "புகார் இல்லை," என்றாள்.

தேன்மொழி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "மூணு மாசமா நாங்க கேட்டது இதைத்தான்," என்றாள். குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான். பிறகு உள்ளே போய் ஜெசிந்தாவுக்கும் ஒரு டம்ளர் காபி கொண்டுவந்தாள்.

"ஆன்ட்டி, இந்தச் செவுரு உங்க வீடா?" என்றாள் அமுதினி.

"இந்த நீலம் மட்டும்," என்றாள் ஜெசிந்தா. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, ஜன்னலை எட்டிச் சாத்தினாள்.

தணிகைமலை பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். காலணியை மாட்டிக்கொண்டு, வழக்கப்படி உள்ளே பார்த்து, "போயிட்டு வரேங்க," என்றார்.

"சரிங்க, போயிட்டு வாங்க," என்று சிவநேசனும் ஜெசிந்தாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கீழே மழையின் முதல் துளிகள் விழுந்தன. அந்த நெடிய சுவரின் ஒளி கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டிருந்தது. தெருவில் போனவர்கள் குடையை மறந்து அண்ணாந்து நின்றார்கள். தணிகைமலையும் நின்றார். பார்க்கப் பார்க்க, அதற்குப் பின்னால் தெரிந்த மற்ற கட்டடங்கள் மீதும் அவர் கண் போனது. அவை எந்தெந்தத் தெருக்களோ, யார் யார் வீடுகளோ.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் உருண்டையை உறைக்குள் போட்டு, கயிற்றை இழுத்து இறுகக் கட்டினார். அவர் வீட்டுப் படுக்கையறைச் சுவரிலும் கொஞ்ச நாளாக ஒரு மூலை உதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது.