சேற்றுக்குள் ஒரு கை

பலகைப் பாதையில் ஒரே ஒருவருடைய காலடிச் சத்தம்தான் கேட்டது.

சுகுமாரன் அதை முதலில் கவனிக்கவில்லை. தோள்வரை அப்பியிருந்த சேறு சட்டைக்குள் வழிந்து வயிற்றில் சில்லிட்டது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் அழுகிய இலையும் உப்பும் கலந்த சதுப்புநிலத்தின் வாடை தொண்டைவரை வந்து நின்றது. அவன் மனைவி உஷாராணி இரண்டடி முன்னால் நடந்துகொண்டிருந்தாள். தலைமுடியிலிருந்து பாதம்வரை கறுப்புச் சேறு. பிழைத்துவிட்டாள். அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டே அவள் பின்னால் நடந்தான்.

அப்புறம்தான் காதில் பட்டது. ஆணி தளர்ந்த பழைய பலகைகள் அவன் காலடியில் மட்டும் முனகின. அவள் காலடியில் ஒன்றுமில்லை.

வெறுங்கால், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டான். செருப்பு இரண்டும் சேற்றோடு போய்விட்டன.

சிலாங்கூர் ஆற்றைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை நடந்து பார்க்க வேண்டும் என்பது உஷாவின் ஆசை. போன வருடம் கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோன பிறகு, அசாம் ஜாவாவிலிருந்த வீட்டில் நான்கு மாதம் அவள் யாரோடும் பேசவில்லை. செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை முடிந்து அவன் வரும்போது, காலையில் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே, "எங்கயாச்சும் நடக்கலாங்க" என்றாள். கோலா குபு பாருவுக்கு மேலே மலை ஓடைகளில் தொடங்கினார்கள். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றோடு இறங்கி வந்தார்கள். போன வாரம் கோலா சிலாங்கூர் குன்றின் மேலே நின்று, சாம்பல் குரங்கு ஒன்று அவன் கையிலிருந்த கச்சான் கடலையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவனுக்கு அழுகை வந்தது.

ஆறு கடலில் சேரும் இந்தச் சதுப்புநிலக் காடுதான் கடைசி நடை. பாதையின் கோடியில், கைப்பிடி உடைந்த இடத்தில், காற்று அவள் தொப்பியைத் தூக்கிச் சேற்றில் போட்டது. மேலே காய்ந்து வெடித்திருந்ததால் தரை கெட்டி என்று நினைத்து இறங்கினாள். முதல் அடியில் முழங்கால். இரண்டாவது அடியில் இடுப்பு. அவன் குப்புறப் படுத்துக் கையை நீட்டுவதற்குள், "ஏங்க, கைய குடுங்க" என்றாள். விரல்கள் உரசின. வழுக்கின. தலைக்கு மேல் சேறு மூடிக்கொண்டது.

இரண்டு கைகளையும் தோள்வரை உள்ளே விட்டுத் துழாவினான். ஒரு கை அகப்பட்டது. இழுத்தான்.

இப்போது யோசிக்கும்போது, அது லேசாக வந்தது. மிகவும் லேசாக. சேற்றில் புதைந்த மாட்டை நாலு பேர் கயிறு கட்டி இழுத்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறான். சேறு அவ்வளவு சுலபத்தில் விடாது.

"உஷா, கண்ணு எரியுதா? சட்டையில தொடைச்சு விடட்டா?"

அவள் நடையை நிறுத்தவில்லை. அதிர்ச்சியில் இருப்பாள். பாதை இடப்பக்கம் திரும்பியது, அவளும் திரும்பினாள். கண்ணை ஒருமுறைகூடத் துடைக்காமல், கைப்பிடியைத் தொடாமல், பலகை இல்லாத இடைவெளிகளைச் சரியாகத் தாண்டி நடந்தாள். மாலை வெயில் பாக்காவ் என்னும் அலையாத்தி மர வேர்களுக்கு நடுவே சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. அந்த வெயிலில் அவன் கையிலிருந்த சேறு வெளுத்து, செதில் செதிலாக உதிரத் தொடங்கியிருந்தது. அவள் மேலிருந்த சேறு ஈரமாகவே மினுங்கியது. உள்ளேயிருந்து ஊறுவதைப்போல.

சேற்றில் தாவும் மீன்கள் அவள் வரும் பக்கமெல்லாம் வளைக்குள் போயின. அவை அடங்கிய பிறகு காட்டில் ஒரு சத்தமும் இல்லை.

அவன் பின்பாக்கெட்டிலிருந்து கைப்பேசியை எடுத்தான். நுழைவாயிலில் இளநீர் விற்கும் முருகையா, ஆலையில் அவனோடு முன்பு வேலை பார்த்தவன்.

"முருகையா, உஷா சேத்துல விழுந்துட்டா. தூக்கிட்டேன். நல்ல தண்ணி ரெண்டு போத்தல் எடுத்துக்கிட்டு எதுத்தாப்புல வாயேன்."

"ஐயோ! அண்ணிக்கு ஒண்ணும் ஆகலையே? தோ வரேன். சீக்கிரம் நடங்கண்ணே, கடல் ஏறுதுலா. இன்னும் அரைமணி நேரத்துல அந்தக் கோடி முழுக்கத் தண்ணியாயிரும்."

"வந்துக்கிட்டுதான் இருக்கோம்."

எதிர்முனையில் போத்தல்கள் மோதும் சத்தம் கேட்டது.

"அண்ணே, அண்ணி ஏன் அப்படிக் கத்துறாங்க?"

"யாரு?"

"அண்ணிதான். ஃபோன்ல கேக்குதே. ஏங்க, ஏங்கன்னு."

முன்னால் நடந்தவள் நின்றாள். திரும்பவில்லை.

காற்று அடங்கியது. அப்போது அவனுக்கும் கேட்டது. வந்த வழியில், தூரத்தில், கடல் பக்கமிருந்து. தொண்டை கிழிந்த குரல்.

"ஏங்க... ஏங்க..."

கைப்பேசி நழுவிப் பலகை இடுக்கில் விழுந்தது. கீழே தண்ணீர்ச் சத்தம். அதற்குள் கடல் இங்கேயே வந்துவிட்டிருந்தது.

"உஷா?" என்றான், முன்னால் நின்ற முதுகைப் பார்த்து.

அது திரும்பியது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சேறு. அதில் ஒரு கோடு மெதுவாகப் பிளந்தது.

"ஏங்க," என்றது. அதே குரல். அதே இழுப்பு. தூரத்துக் குரல் மறுபடி கூப்பிட்டது. அதைக் கேட்டுச் சொல்லிப் பழகுவதைப்போல இதுவும் சொன்னது. "ஏங்க... ஏங்க..."

வந்த வழியே ஓடினான்.

பலகைகள் அதிர்ந்தன. அவன் காலடி மட்டும். பின்னால் வருகிறதா? தெரியவில்லை. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. வேர்களுக்கிடையே பழுப்புத் தண்ணீர் சுழித்து ஏறிக்கொண்டிருந்தது. உடைந்த கைப்பிடி. அதற்கு அப்பால், அவன் துழாவிய இடத்திலிருந்து எட்டடி தள்ளி, பாக்காவ் வேரை ஒரு கையால் கட்டிப்பிடித்தபடி ஒரு தலை.

கண்களின் வெள்ளை தெரிந்தது. அழுகையில் கழுவப்பட்டு இரண்டு கன்னத்திலும் தோல் தெரிந்தது. அது உஷா.

"யாரைங்க கூட்டிட்டுப் போனீங்க?"

அவன் பலகையில் விழுந்து படுத்தான்.

"உள்ள ஒரு வேர் அகப்பட்டுச்சு, அதப் புடிச்சு இந்தப் பக்கம் வந்துட்டேங்க. வாய் நிறைய சேறு. கத்த முடியல. நீங்க அத எழுப்பி உக்கார வச்சு, முதுகத் தடவிக் குடுத்தீங்க. பாத்துக்கிட்டே இருந்தேன். கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனீங்க..."

"வரேன்மா. வரேன். வேர விட்டுடாத."

கைகளை நீட்டினான். எட்டவில்லை. சட்டையைக் கழற்றி வீசினான். சட்டையின் நுனி அவளுக்கு ஒரு சாண் முன்னால் விழுந்து மிதந்தது. தண்ணீர் அவள் மோவாயைத் தொட்டது. இறங்கினால் இருவரும் போவோம் என்று தெரிந்தது. இறங்க முடிவு செய்து ஒரு காலைக் கீழே விட்டான்.

உஷாவின் பார்வை அவனை விட்டு, அவன் தோளுக்கு மேலே போனது.

"ஏங்க, பின்னால," என்றாள்.

குளிர்ந்த கை ஒன்று அவன் வாயை மூடியது.

கத்தினான். வாய் திறந்தது, சேறு உள்ளே வந்தது. பல்லுக்குள். நாக்குக்கு அடியில். தொண்டைக்குள். அதன் இன்னொரு கை அவனை இடுப்பில் சுற்றிப் பலகைமேல் தூக்கி உட்காரவைத்தது. மெதுவாக. முதுகைத் தடவிக் கொடுத்தது. அவன் கால்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. கைகளும்.

தண்ணீர் உஷாவின் உதட்டைத் தாண்டியது. அவள் மூக்கால் மூச்சு விட்டாள். அவனையே பார்த்தாள். பிறகு மூக்கும் போனது. கண்கள் கொஞ்ச நேரம் இருந்தன.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தது குனிந்து, ஏறிவந்த நீரை இரு கையாலும் அள்ளி முகத்தைக் கழுவியது. ஒரு கை நீர், நெற்றி வந்தது. ஒரு கை நீர், கன்னம் வந்தது. சேற்றுக்கு அடியில் உஷாவின் முகம் முழுதாக இருந்தது.

பலகைகள் அதிர்ந்தன. முருகையா இரண்டு போத்தலோடு ஓடி வந்தான்.

"அப்பாடா! நல்லாத்தான் இருக்கீங்க ரெண்டு பேரும். பயந்தே போயிட்டேன். அண்ணி, தண்ணி குடிங்க."

"பரவாயில்லைங்க," என்றது அது, அவள் குரலில். "வீட்டுக்குப் போலாம்."

"அண்ணன் ஏன் இப்படிப் பாக்குறாரு? அண்ணே? ரொம்ப பயந்துட்டாரு போல. நீங்க அந்தப் பக்கம் புடிங்க அண்ணி, நான் இந்தப் பக்கம் புடிக்கிறேன்."

சுகுமாரன் வாயைத் திறந்தான். சேறு தாடையில் வழிந்தது. இருவரும் அவனைத் தூக்கி நிறுத்தினார்கள். முருகையா கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, தன் துண்டால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டான்.

முருகையாவின் தோளுக்கு அப்பால், பழுப்பு நீருக்கு மேலே, பாக்காவ் வேரைப் பிடித்திருந்த ஐந்து விரல்கள் இன்னும் தெரிந்தன. அவை வேரை விட்டன. காற்றில் விரிந்தன. மூடின. மறுபடி விரிந்தன.