பாதாம் நகங்கள்

ஹாலோவீன் அன்று காலை இர்மா ஸ்டோல்ட்ஸ் தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து பூசணிக்காய்க்குப் பல் செதுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பல் மருத்துவர் நீல் ஃபெராரோ, அந்தப் பற்களின் வரிசை சரியில்லை என்று தொழில்முறை அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தார். ஹாலோவீன் இரவில் கதவு தட்டும் பிள்ளைகளுக்கு மிட்டாய்க்குப் பதிலாகப் பல்துலக்கி கொடுப்பவர் அவர். அதனால் பிரையர்டன் ஊர்ப் பிள்ளைகள் அவர் வீட்டை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள். வேறு வேலை இல்லாததால், காப்பீட்டுக் கம்பெனியில் முப்பது வருஷம் பொய்க் கணக்குகளைத் துருவி எடுத்து ஓய்வு பெற்ற இர்மாவுக்கு அவர் தன்னைத்தானே உதவியாளராக நியமித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் லொரெய்ன் ப்ரிட்சர்டின் கார் புல்தரையில் பாதி ஏறி நின்றது.

லொரெய்ன், தொடக்கப் பள்ளியின் இலையுதிர்கால மகிழ்ச்சிக் குழுவுக்குத் தலைவி. முன்பு அதற்கு ஹாலோவீன் குழு என்றுதான் பெயர். யாரோ ஒருவர் பேய் என்றால் மனம் புண்படுகிறது என்று சொல்ல, பெயர் மாறியது; பேய்கள் மாறவில்லை. இரண்டு விரல்களால் ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிப் பிடித்தபடி அவள் இறங்கினாள். பைக்குள் ஒரு தட்டு.

"கொலை முயற்சி!" என்றாள்.

"காப்பி குடிக்கிறீங்களா?" என்றாள் இர்மா.

"இர்மா, நான் விளையாடல. நம்ம பள்ளிக்கூடத்துல பாதாம், கடலை எதுவும் நுழையக்கூடாது. பாதாம் ஒத்துக்காம மைலோங்கற பையனை ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போனதுலேர்ந்து சட்டம். வாசல்ல சிவப்புப் பலகை, வீட்டுக்கு வீடு கடிதம், எல்லாம் என் ஏற்பாடு. இன்னைக்குக் காலையில இது மேடையில இருக்கு. யார் பேரும் இல்ல. பாருங்க!"

தட்டில் சூனியக்காரி விரல்கள் இருந்தன. வெண்ணெய் பிஸ்கட் மாவை விரல்போல உருட்டி, கணுக்களில் கத்தியால் கீறி, நுனியில் நகத்துக்குப் பதில் ஒரு முழுப் பாதாம். வலக்கை ஒன்று, இடக்கை ஒன்று என்று இரண்டு கைகளாக அடுக்கப்பட்டிருந்தன. வலக்கையின் மோதிர விரலுக்கு மட்டும் நகம் இல்லை. அதன் நுனியைச் சுற்றி வெள்ளைச் சர்க்கரைக் குழம்பால் சின்னதாக ஒரு கட்டு போட்டிருந்தது.

"எங்க மேடையில?" என்றாள் இர்மா.

"உடற்பயிற்சிக் கூடத்து மேடை. தரை புதுசா போட்டதுலேர்ந்து பலகாரமெல்லாம் நூலகத்துலதான் வைக்கிறோம். அது தெரியாத ஆள் ஊர்லயே கிடையாது. ஒளிச்சு வைக்கத்தான் அங்க வச்சிருக்கான். யார்னு எனக்குத் தெரியும். கர்ட்டிஸ் லண்டி."

"டயர் கடை கர்ட்டிஸா?" நீல் துள்ளி எழுந்தார். "எப்பவுமே அவன்மேல எனக்கு ஒரு சந்தேகம்."

"அவர் உங்ககிட்ட பல் பிடுங்கிக்காம பக்கத்து ஊருக்குப் போனார். அதுதானே?" என்றாள் இர்மா.

லொரெய்ன் விடவில்லை. "போன வருஷம் கடையில வாங்கின டோனட்டைப் பெட்டியோட கொண்டு வந்து வச்சான். நான் எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொன்னேன். அந்தக் கடுப்பு. இன்னைக்குக் காலையில பின்வாசல் வழியா பழச்சாறு பெட்டி தூக்கிட்டுப் போனதும் அவன்தான். மதியத்துக்குள்ள நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லலன்னா நான் ஷெரிஃபைக் கூப்பிடுவேன். வீட்டுல செஞ்ச எதுவும் இனிமே உள்ள வரக்கூடாது. அவனும் இன்னைக்குப் பிள்ளைங்க வேஷ ஊர்வலத்துப் பக்கம் வரக்கூடாது."

"அவர் மகள் டெஸ்ஸா? அவளுக்கு இது இந்தப் பள்ளியில கடைசி ஹாலோவீன் இல்லையா?"

"அதுக்கு நான் என்ன பண்றது?"

இர்மா கத்தியைத் துடைத்து வைத்தாள்.

அவர்கள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது, எதிர்ப்புறச் சாலையோரத்தில் ஒரு சாம்பல் நிறக் கார் நின்றுகொண்டிருந்தது. பின்னாலிருந்து வெள்ளைப் புகை வந்துகொண்டேயிருந்தது.

"எஞ்சினை அணைக்காம நிக்குது," என்று நீல் கிசுகிசுத்தார். "தப்பிச்சு ஓடத் தயாரா இருக்கான்."

"குளிருது, டாக்டர். ஹீட்டர் போட்டிருப்பாங்க," என்றாள் இர்மா. ஆனாலும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

பால் வண்டிக்காகப் பள்ளியின் பின்கதவு மூடாமலிருக்க ஒரு செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். முன்வாசலில் வந்தால் பெயர் எழுதி, படம் எடுத்து, அந்த அடையாளச் சீட்டைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு, லொரெய்னின் சிவப்புப் பலகையையும் படித்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும்.

நூலகத்தில் பலகார மேஜை ஒரு மணப்பெண்ணைப்போல் நின்றது. அவித்த முட்டைமேல் கறுப்பு ஆலிவ் சிலந்திகள். மாவுப் பட்டை சுற்றிய சாசேஜ் மம்மிகள். சாக்லேட் கண் வைத்த வாழைப்பழப் பேய்கள். உரித்த ஆரஞ்சுக்குச் செலரிக் காம்பு செருகிய பூசணிகள். நடுவில் மூன்று அடுக்குத் தட்டில், பொத்தான் அளவில் பளபளவென்று இனிப்புப் பூசணிகள். 'லொரெய்ன் ப்ரிட்சர்டின் கைவண்ணம்' என்று தங்க எழுத்தில் அட்டை. மேஜைக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தது. படம் எடுத்து முடியும்வரை பிள்ளைகள் நெருங்கக்கூடாதாம்.

நீல் கயிற்றுக்கு மேல் கையை நீட்டி ஒரு பூசணியை வாயில் போட்டுக்கொண்டார்.

"டாக்டர்!" லொரெய்ன் அவர் கையில் அடித்தாள்.

"மன்னிச்சுக்கங்க. பல்லுல ஒட்டுது, ஆனா பிரமாதம். செர்ரிக் கொட்டையை உடைச்சா வருமே, அந்த மாதிரி ஒரு வாசனை."

இர்மா அந்த அடுக்குத் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதைத் தூக்கி, நூலகரின் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "விசாரணை முடியற வரைக்கும்," என்றாள். பெருமைக்குரிய பொருளுக்குக் காவல் போடுகிறார்கள் என்று லொரெய்ன் மகிழ்ந்தாள்.

தாழ்வாரத்தில் ஒரு தபால்பெட்டி வந்துகொண்டிருந்தது. நீலச் சாயம் அடித்த அட்டைப்பெட்டி. மேலே டெஸ்ஸா லண்டியின் தலை, இரண்டு பக்கமும் கைகள்.

"எல்லாரும் சூனியக்காரியா வந்திருக்காங்க, நீ என்னம்மா இப்படி?" என்றாள் இர்மா.

"கை வலிக்காது பாருங்க. மிட்டாயை எல்லாரும் நேரா இதுக்குள்ள போட்டுரலாம்." டெஸ்ஸா தன் வயிற்றில் இருந்த துளையைக் காட்டினாள். "அப்பா செஞ்சது. மூணு நாள். கோணலா இருக்குன்னு சொல்லிடாதீங்க, அவருக்கு மூஞ்சி சுருங்கிடும்."

நீல் பெருமிதத்தோடு ஒரு பல்துலக்கியை உள்ளே போட்டார். டெஸ்ஸா அவரை இரக்கத்தோடு பார்த்தாள். துளையின் மூடியைப் பிடித்திருந்த வலக்கையின் மோதிர விரலில் நகம் மட்டும் கொஞ்சம் நெளிந்து, நடுவில் ஒரு வரப்போடு வளர்ந்திருந்தது. தாழ்வாரத்தின் கோடியில் முன்கதவு திறந்தது. டெஸ்ஸா சட்டென்று திரும்பினாள். யாரோ ஒரு அம்மா, யாரோ ஒரு பிள்ளையைத் தேடி வந்தாள். டெஸ்ஸா பழையபடி இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கர்ட்டிஸ் லண்டி உடற்பயிற்சிக் கூடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான். தட்டைப் பார்த்ததும் கையிலிருந்த நாற்காலியை மெதுவாகக் கீழே வைத்தான். அவன் கண் பாதாம்களுக்குப் போகவில்லை. கட்டுப்போட்ட விரலில் போய் நின்றது.

"நான்தான் செஞ்சேன்," என்றான்.

"பாத்தீங்களா!" என்றாள் லொரெய்ன்.

"தெரியாம பாதாம் வச்சுட்டேன். தப்புதான். ஊர்வலத்துக்கு நான் வரல. டெஸ்ஸாவை மட்டும் விட்டுடுங்க."

"அருமையா வந்திருக்கு," என்றாள் இர்மா. "எனக்கு நகம் எப்பவுமே கழண்டு விழும். நீங்க எப்படி ஒட்டினீங்க?"

கர்ட்டிஸ் யோசித்தான். "வெந்து ஆறினப்புறம்... சர்க்கரைக் குழம்பு தொட்டு ஒட்டினேன்."

இர்மா தலையாட்டினாள். "லொரெய்ன், டாக்டர், உட்காருங்க. ரெண்டு விஷயம் சொல்லணும்."

நான்கு பேரும் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். லொரெய்னின் முழங்கால்கள் அவள் முகவாயைத் தொட்டதில் அவளுடைய அதிகாரம் பாதி போய்விட்டது.

"முதல்ல, இது விஷம் வச்ச கதை இல்ல," என்றாள் இர்மா. "கெடுதல் பண்ண நினைக்கிறவன் பாதாமை அரைச்சு மாவுல கலப்பான். இது ஒவ்வொரு விரல் நுனியிலயும் முழுசா உட்கார்ந்திருக்கு. செஞ்சவங்களுக்குத் தடை இருக்கிறதே தெரியாது. இந்த ஊர்ல எல்லாரும் பல வருஷமா நகத்துக்குப் பூசணி விதைதான் வைக்கிறாங்க. கர்ட்டிஸ் வீட்டுக்கும் வருஷா வருஷம் உங்க கடிதம் போகுது."

"ஆனா அவனே ஒத்துக்கிட்டானே!"

"பாதாம் ஓரத்தைப் பாருங்க. மாவுக்குள்ள அமுங்கி, மாவோட சேர்ந்து சிவந்திருக்கு. அடுப்புக்குப் போறதுக்கு முன்னாடி வச்சது. கர்ட்டிஸுக்கு அது தெரியல. அவர் இதைச் செய்யல."

கர்ட்டிஸ் தரையைப் பார்த்தான்.

"அப்போ யார்?" லொரெய்ன் எழுந்துவிட்டாள். "பேரைச் சொல்லுங்க. நான் ஷெரிஃபை..."

"கூப்பிடுங்க. வரும்போது உங்க பூசணியையும் அவர்கிட்டக் காட்டிடலாம். எதுல செஞ்சீங்க அதை?"

"சர்க்கரை... மாவு... கைப்பக்குவம்."

"மார்சிபான். பாதாமை அரைச்சு சர்க்கரையோட பிசையறது. டாக்டருக்கு வந்ததே ஒரு வாசனை, அது பாதாம் சாறு. பெரிய ஊர்க் கடையில வாங்கி அட்டையை மட்டும் மாத்தியிருக்கீங்க. நீங்களே செஞ்சிருந்தா உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிருக்கும். நல்லவேளை, மைலோ கயித்தைத் தாண்டல."

லொரெய்ன் மறுபடியும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியாது, இர்மா," என்றாள் கடைசியில், முதன்முறையாக ஒரு சாதாரணப் பெண்ணின் குரலில். "சத்தியமா தெரியாது."

"தெரியாம வச்சவங்களை என்ன பண்றதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

லொரெய்ன் அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டு போய், அடுக்குத் தட்டைத் தன் காரில் வைத்துப் பூட்டினாள். சற்று நேரத்தில் நூலகத்தில் கயிறு அவிழ்க்கப்பட்டதும், பிள்ளைகளின் கூச்சல் கூடம்வரை கேட்டது.

"ரெண்டாவது விஷயம்?" என்றார் நீல், நாற்காலி நுனிக்கு வந்து.

இர்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இதைச் செஞ்சது, தடை வர்றதுக்கு முன்னாடி இங்க பலகாரம் கொண்டுவந்தவங்க. அப்போ மேஜை இந்த மேடையிலதான் இருந்தது. பழைய இடத்தைத் தேடி வந்து வச்சிருக்காங்க. முன்வாசல்ல பேர் எழுத மனசு வரல, பின்கதவு வழியா வந்தாங்க. அப்புறம் இந்த விரல். டெஸ்ஸாவுக்கு அதே கையில, அதே விரல்ல நகம் நெளிஞ்சிருக்கு. எப்போ நசுங்கினது, கர்ட்டிஸ்?"

கர்ட்டிஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"கிண்டர்கார்டன்ல. ஹாலோவீன் அன்னைக்கு. கார் கதவுல." என்றான் அவன். "ஒரே அழுகை. அவளைச் சிரிக்க வைக்கத்தான் அவ அம்மா ரெனீ பிஸ்கட்டுல ஒரு விரலுக்கு மட்டும் கட்டுப் போட்டா. அடுத்த வசந்தத்துல ரெனீ வீட்டை விட்டுப் போயிட்டா. குடி. அப்புறம் ரெண்டு தடவை, ஹாலோவீனுக்கு வர்றேன்னு போன்ல சொன்னா. இந்தப் பிள்ளை வேஷத்தோட ஜன்னல்கிட்ட உட்கார்ந்திருந்தா. மிட்டாய் வாங்கக்கூடப் போகல. போன் வந்தா ஓடி வருவா. ரெண்டு தடவையும் ரெனீ வரல."

"அதனாலதான் நீங்க செஞ்சதா சொன்னீங்க."

"மூணாவது தடவை என்னால பாக்க முடியாதும்மா. வந்தா முன்வாசல் வழியா வரட்டும். தட்டை வச்சுட்டு ஓடினா, அதை நான் எப்படி அவகிட்டக் கொடுக்கிறது?"

"ஓடலன்னு நினைக்கிறேன்," என்றாள் இர்மா. "அடுத்த வருஷம் டெஸ்ஸா பெரிய பள்ளிக்கூடம். அங்க ஊர்வலம் கிடையாது. ஒருத்தர் மறைஞ்சு நின்னு பாக்கணும்னா இதுதான் கடைசி. காலையிலேர்ந்து எதிர்ல ஒரு கார் ஹீட்டரைப் போட்டுட்டு நிக்குது."

"நான் அப்பவே சொன்னேன்!" என்றார் நீல்.

"சொன்னீங்க, டாக்டர்."

கர்ட்டிஸ் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "இப்போ என்ன பண்ணணும்?"

"அதை நான் துப்பறிய முடியாது," என்றாள் இர்மா. "ஆனா தடை பள்ளிக்கூடத்துக்குள்ளதான். வேலிக்கு வெளிய கிடையாது."

மூன்று மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. எலும்புக்கூடுகளும் கடற்கொள்ளைக்காரர்களும் ஏராளமான சூனியக்காரிகளும் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். வேலியோரம் பெற்றோர் கைதட்டினார்கள். கடைசியில், பெட்டிக்குள் கால் முழுதாக நீட்ட முடியாமல், ஒரு நீலத் தபால்பெட்டி அசைந்து அசைந்து வந்தது.

கர்ட்டிஸ் வாசலுக்கு வெளியே நடைபாதையில் நின்றான். கையில் தட்டு. அவனைப் பார்த்ததும் டெஸ்ஸா வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"அப்பா, உள்ள வரலியா? என்ன அது?"

அவன் தட்டின் மேலிருந்த பிளாஸ்டிக் பையை விலக்கினான்.

டெஸ்ஸா குனிய முடியாமல் தலையை மட்டும் சாய்த்துப் பார்த்தாள். மற்ற ஒன்பதைத் தொடாமல், கட்டுப்போட்ட விரலை மட்டும் எடுத்தாள். தன் விரலை அதன் பக்கத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க இருக்காங்க, அப்பா?" என்றாள்.

கர்ட்டிஸ் சாலைக்கு எதிர்ப்புறம் முகவாயைத் தூக்கிக் காட்டினான். சாம்பல் நிறக் காரின் கண்ணாடி ஆவி படிந்து மங்கியிருந்தது. உள்ளே யாரோ இருப்பது மட்டும் தெரிந்தது.

"வருவாங்களா?"

"தெரியல கண்ணு. தெரியாதுன்னு சொல்றதுதான் உண்மை."

டெஸ்ஸா தலையாட்டினாள். பெட்டியோடு காரைப் பார்த்துத் திரும்பினாள். அவள் பிஸ்கட்டைக் கடிக்கவில்லை. இரண்டு விரல்களையும் சேர்த்து, ஒன்றில் கட்டும் ஒன்றில் நெளிந்த நகமுமாக, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊர்வலம் இரண்டாவது சுற்று போனது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. எதையோ சொல்ல வாயெடுத்த நீலின் கையை இர்மா அழுத்தினாள்.

கை வலித்திருக்க வேண்டும். டெஸ்ஸா இறக்கவில்லை.

சாலைக்கு அந்தப் பக்கம் எஞ்சின் அணைந்தது; காலையிலிருந்து வந்துகொண்டிருந்த வெள்ளைப் புகை நின்றது.