ராஜாம்பாளின் கால்விரல் கட்டு

ராஜாம்பாளின் கால் பெருவிரல்கள் இரண்டும் நேற்று ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. நிர்மலாதேவிக்கு அது நன்றாக நினைவிருந்தது. அந்த இடத்தில் மட்டும் ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டியவள் அவள்தானே. இன்று திரையில் அவற்றுக்கு நடுவே ஒரு சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தது.

செத்தவள் காலை அசைப்பாளா? அதுவும் முந்தாநாளே எரிந்து சாம்பலாகிவிட்டவள். அப்படியானால் யாரோ வீடியோவில் கை வைத்திருக்கிறார்கள். முதல் சந்தேகம் இளம்பரிதி மேல் விழுந்தது. டவுனில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அவன்தான் இவளுக்கு வேலை தருகிறவன். இங்கே நடக்கும் கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றையும் படம்பிடித்து, பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர்கள் பார்க்க நெட்டில் போடுவது அவன் தொழில். படத்தைத் துடைத்து, வெளிச்சம் ஏற்றி, இரைச்சலை எடுத்து, ஐந்து தரத்தில் ஐந்து பிரதிகளாக ஏற்றுவது பிள்ளைச்சாவடி வீட்டு மாடியில் உட்கார்ந்திருக்கும் இவள் வேலை. நெட் மெதுவாக இருந்தால் மங்கலான பிரதி ஓடும், வேகம் பிடித்தால் தெளிவான பிரதி ஓடும். பார்ப்பவர் எதையும் தொட வேண்டாம், அதுவே மாறிக்கொள்ளும்.

காலையில் போன் செய்து இளம்பரிதி காய்ச்சி எடுத்துவிட்டான். பாரிசில் இருக்கும் ராஜாம்பாளின் மகன் கலைவாணன் பெரிய டிவியில் போட்டுப் பார்த்தாராம், கிடத்தியிருந்த பெஞ்சில் அம்மாவையே காணோமாம், தூங்கிக்கொண்டே வேலை பார்த்தாயா என்று கேட்டான். நிர்மலாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. புருஷன் ராஜவேல் பகல் ஷிஃப்டுக்கு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டான். ஏழு வயது அபி மூன்று நாளாகக் காய்ச்சலில், கீழே கூடத்தில் பாயில் கிடக்கிறாள். அடிக்கொரு தரம் இறங்கிப் போய்க் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே செய்த வேலை அது. அதில் போய் இவன் குற்றம் கண்டுபிடிக்கிறான்.

ஆனால் ஒன்றை மட்டும் அவள் இளம்பரிதியிடம் சொல்லவில்லை. டிக்கெட் கிடைக்காமல் வர முடியாது போன கலைவாணன், முந்தாநாள் இவளையே நேராக அழைத்திருந்தார். குரல் உடைந்து போயிருந்தது.

"அந்தக் கட்டெல்லாம் எடுத்துடுங்க மேடம். எங்கம்மா தூங்குற மாதிரி இருந்தா போதும்."

பாவமாக இருந்தது. எடுத்துவிட்டாள். நாடியைச் சுற்றித் தலைக்கு மேல் முடிந்திருந்த துணியை அழித்தாள், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியையும் அழித்தாள். அதில் ஒரு மஞ்சள் கறை, லேசில் போகவில்லை. அழித்த இடத்தில் என்ன இருக்கும் என்பதை மென்பொருளே ஊகித்து நிரப்பியது. கட்டும்போது நடந்த பேச்சையும் இரைச்சலோடு இரைச்சலாக நீக்கிவிட்டாள். ராஜாம்பாளின் காலாப்பட்டு வீட்டுப் பந்தலில், பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு பழைய வேட்டியைச் சர்ரென்று இரண்டு துண்டாகக் கிழிக்கிறாள். முதல் துண்டு காலுக்கு, அடுத்தது வாய்க்கு. "இறுக்கிக் கட்டு. சுடுகாட்டுலதான் அவுக்கணும். நடுவுல அவுந்துச்சின்னா எழுந்து வந்துடுவா" என்று அவள் யாரிடமோ சொல்கிறாள். அதைக் கேட்டு நிர்மலாவுக்குச் சிரிப்புகூட வந்தது.

இப்போது சிரிப்பு வரவில்லை. இதுவரை பார்த்தது ஆகக் கீழான, மங்கலான பிரதி. அவள் இரண்டாவதைத் திறந்தாள். கால்கள் ஒரு சாண் விலகியிருந்தன. மென்பொருள்தான் தப்பாக நிரப்பியிருக்கும், இப்படிக் கிறுக்குத்தனம் பண்ணுவது அதற்குப் புதிதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்றாவது. வலது கால் பெஞ்சிலிருந்து கீழே தொங்கியது. நான்காவதில் ராஜாம்பாள் உட்கார்ந்திருந்தாள். குளிப்பாட்டிய ஈரம் முதுகில் சொட்ட, முகத்தைக் காட்டாமல்.

ஐந்தாவதில் பெஞ்சு காலி. சாமந்தி மாலை மட்டும் கிடந்தது. சுற்றியிருந்த பெண்கள் அந்தக் காலி பெஞ்சின் மேல் விழுந்து அழுதுகொண்டிருந்தார்கள். அழுகையில் துளி மாற்றமில்லை.

கலைவாணன்தான் வேறு யாரையாவது வைத்து இப்படிச் செய்து, பழியை இவள் தலையில் போடுகிறாரோ? இல்லை, இளம்பரிதிக்கு இவளை வேலையைவிட்டு நிறுத்த ஒரு சாக்கு வேண்டுமோ? யார்மேல் போட்டுப் பார்த்தாலும் அந்தச் சந்தேகம் நிற்கவில்லை. வீடியோவை ஏற்றும் கணக்கின் கடவுச்சொல் இவளிடம் மட்டும்தான் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே நட்டநடுப் பகல் வெயில், கடல் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது, எந்த வீட்டிலோ கருவாடு வறுக்கும் வாசனை காற்றில் வந்தது. அதற்கு அடியில் வேறொரு வாசனையும் வந்தது. நனைந்த சாமந்தி. வீட்டில் பூவே வாங்கவில்லை.

வீடியோவை நிறுத்தி ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். ஒப்பாரி நிற்கவில்லை.

கீழேயிருந்து வந்தது.

அபியிடம் கார்ட்டூன் பார்க்க டேப்லெட் கொடுத்திருந்தாள். அதிலும் இவள் கணக்குத்தான். குழந்தை எதையோ தொட்டுவிட்டிருக்கிறாள். பரவாயில்லை. மாடியிலிருக்கும் வைஃபை பெட்டியின் சிக்னல் கீழே சரியாக எட்டாது, மங்கல் பிரதிதான் ஓடும். மங்கலில் ராஜாம்பாள் படுத்துத்தான் இருப்பாள். படுத்துத்தான் இருக்க வேண்டும்.

கொரகொரவென்று கேட்டுக்கொண்டிருந்த ஒப்பாரி மெல்லத் தெளிந்தது. ஒவ்வொரு குரலும் தனித்தனியாகப் பிரிந்தது. இரண்டாவது பிரதி. இன்னும் தெளிந்தது. மூன்று. பக்கத்தில் நின்று அழுவதுபோல் வளையல் சத்தம்கூடக் கேட்டது. நான்கு.

"அபீ! அதை மூடு!"

ஐந்து. எழுந்து ஓடி வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது.

ஒப்பாரி நின்றது.

கடல் மட்டும். பிறகு, கீழே தரையில், ஈரக்கால் வைக்கும் சத்தம். ஒன்று. நிதானமாக இன்னொன்று.

படிகளில் எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை. கூடத்தில் சாமந்தி வாசனை மூக்கை அடைத்தது. டேப் சுவரோரம் சாய்ந்திருந்தது. அதில் காலி பெஞ்சு உறைந்து நின்றது. சிமெண்ட் தரையில் ஈரத் தடங்கள். பாய் வரை வந்திருந்தன.

பாயில் அபி. நேராக, மல்லாந்து, கைகள் இரண்டும் பக்கவாட்டில். சுருண்டுதான் எப்போதும் படுப்பாள்.

"படம் நின்னுடுச்சிம்மா" என்றாள் குழந்தை. "அந்த ஆயா நிக்காம நடக்குறாங்க."

போர்வையை விலக்கினாள்.

கால் பெருவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. வெள்ளைத் துணி. இரண்டு சுற்று. மேலே ஒரு முடிச்சு. ஓரத்தில் அந்த மஞ்சள் கறை.

நிர்மலா மண்டியிட்டாள். நகம் பிய்ய முடிச்சை இழுத்தாள். அசையவில்லை. காலையில் கொதித்த பாதம் இப்போது ஜில்லென்று இருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள்.

"அவுக்காதம்மா." அபியின் உதடுகள் மட்டும் அசைந்தன. "சுடுகாட்டுலதான் அவுக்கணுமாம்."

குழந்தையின் கண்கள் அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலே, பின்னால், எதையோ பார்த்தபடி மெல்ல நகர்ந்தன.

ஒரு சொட்டுத் தண்ணீர் நிர்மலாவின் பிடரியில் விழுந்தது.

பிறகு, காதுக்குப் பக்கத்தில், சர்ரென்று இரண்டாவது துண்டு துணி கிழிந்தது.