பசை காயும் வரை திறக்காதே!

தொலைபேசி அலறியது.

ஜெலாப்பாங் பட்டறையில், வாயில் நான்கு ஆணிகளைக் கவ்வியபடி பலகை அறைந்துகொண்டிருந்த விக்னேஸ்வரன் எரிச்சலோடு எடுத்தான்.

"சத்தம் வெளிய வராத ரூம் கட்டுறது நீங்கதானே?" பெண் குரல்.

ஆணிகளைத் துப்பினான். முகம் மலர்ந்தது. இந்தத் தொழிலைப் பற்றி யார் கேட்டாலும் அவன் முகம் மலரும்!

"ஆமாங்க! என்னாத்துக்கு வேணும்? கராவோக்கேயா... டிரம்ஸா?"

"கொலைக்கு."

"ஆங்...?"

"இன்ஸ்பெக்டர் சாந்தினி பேசுறேன். லகாட்ல கோலின் வீட்டு கீழ் ரூம் நீங்க கட்டினதுதானே? உடனே வாங்க. வரலன்னா நானே வந்து கூட்டிட்டுப் போவேன்!"

டொக்!

இருபது நிமிடத்தில் விக்னேஸ்வரனின் வேன் லகாட்டில் நின்றது.

பழைய ரப்பர் எஸ்டேட் மேட்டை வெட்டிக் கட்டிய குடியிருப்புத் தாமான் அது. கோலினின் வீடு சரிவில் இருந்தது. சாலையிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு. பக்கவாட்டுப் படியில் இறங்கினால், மண்ணுக்குள் பாதி புதைந்த ஓர் அறை.

அறை வாசலில் மூன்று பேர்.

இன்ஸ்பெக்டர் சாந்தினி. கையில் விலங்கு.

கோலின். முப்பது வயது. வார நாளில் தொழிற்சாலை வேலை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் டிரம்ஸ், மிச்ச நேரமெல்லாம் வீட்டில் டிரம்ஸ்! இப்போது முகத்தில் ரத்தமே இல்லை.

மூன்றாவது, பக்கத்து வீட்டு மங்களம். முகம் வீங்கியிருந்தது. கன்னத்தில் வரி வரியாகக் கோடுகள். கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கண்மை கரைந்தோ என்னவோ, வலது கை விரலெல்லாம் கறுப்பு.

அவர்களுக்குப் பின்னால் கதவு. தடியான, இரும்புக் கைப்பிடி வைத்த கதவு. குறுக்கே ஒரு காகிதம்.

சிவப்பு எழுத்தில்... 'பசை காயும் வரை திறக்காதே!'

"விஷயம் இதுதான்," என்றாள் சாந்தினி. "இந்த அம்மாவோட வீட்டுக்காரர் உடையப்பன நேத்து சாயங்காலத்திலேர்ந்து காணோம். கோலின் மேல மாநகர் மன்றத்துக்கு நாப்பத்தோரு கொம்ப்ளேன் எழுதினவரு. போன வாரம் கோலின் நடுரோட்ல நின்னு அவரப் பாத்துக் கத்தியிருக்கான்..."

குறிப்பேட்டைப் பிரித்தாள்.

"'சனிக்கிழமைக்கு அப்புறம் நீங்க ஒரு சத்தமும் கேக்க மாட்டீங்க, அங்கிள்!'"

"நான் இந்த ரூம சொன்னேன் புவான்!" கோலின் அழாத குறை.

"இன்னிக்கு சனிக்கிழமை!"

"ரூம தொறந்து பாருங்க புவான்..." மங்களம் விசும்பினாள். "அவரு உள்ளதான் இருப்பாரு. எனக்குத் தெரியும்!"

"பாத்தீங்களா? பொண்டாட்டி மனசு!" சாந்தினி கைப்பிடியை நோக்கி நகர்ந்தாள்.

விக்னேஸ்வரன் பாய்ந்து கதவை மறைத்து நின்றான். இரண்டு கைகளையும் விரித்து!

"தொடாதீங்க! இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு!"

"எதுக்கு?"

"பசை காய, புவான்! கதவைச் சுத்தி ரப்பர் பட்டை ஒட்டியிருக்கேன். ஒரு நாள் முழுசா அமுங்கி இருக்கணும். சத்தம்னா தண்ணி மாதிரிலா. வாளி எவ்வளவு கெட்டியா இருந்தாலும் ஊசி ஓட்டை ஒண்ணு போதும், ஒழுகிடும். இந்தப் பட்டைதான் அந்த ஓட்டைய அடைக்குது!"

சாந்தினியின் கண்கள் சுருங்கின.

"அப்படின்னா உள்ள ஒருத்தர் கத்தினா...?"

"கத்தட்டுமே! வெளிய ஒண்ணும் கேக்காது!" விக்னேஸ்வரன் பெருமையில் பூரித்தான்.

"கூப்பாடு போட்டா?"

"தாராளமா!"

"அண்ணே..." கோலின் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "வாய மூடுங்கண்ணே!"

விக்னேஸ்வரனுக்கு அது உறைக்கவில்லை. ஒருவர் இவ்வளவு அக்கறையாகக் கேள்வி கேட்டு எத்தனை நாளாயிற்று!

"சுவர் எப்படி?" என்றாள் சாந்தினி.

"அங்கதான் சூட்சுமம்! சுவருக்குள்ள இன்னொரு சுவர். ரெண்டும் ஒண்ண ஒண்ணு தொடாது. தொட்டாத்தான் அதிர்வு தாண்டும். நடுவுல ஆறு இன்ச் இடம் விட்டு, அதுல கல்பஞ்சு திணிச்சிருக்கேன்."

"அந்த ஆறு இன்ச்ல ஒரு ஆள் நிக்க முடியுமா?"

விக்னேஸ்வரன் யோசித்தான். நியாயமான கேள்விதானே!

"ஒல்லியான ஆளுன்னா, கொஞ்சம் பக்கவாட்டுல திருப்பி..."

"அண்ணே!!!"

"அவரு நூத்தி ரெண்டு கிலோ," என்றாள் மங்களம்.

"அப்ப முடியாது." விக்னேஸ்வரனுக்குச் சற்று ஏமாற்றம்.

"தரை?"

"பழைய தரைக்கு மேல ரப்பர் கட்டைய வரிசையா வச்சி, அதுக்கு மேல புது சிமெண்டு. தரையே மிதக்குது புவான்! டிரம்ஸ் அடிச்சா அதிர்வு ரப்பரோட செத்துடும்."

"புது சிமெண்டு... எப்ப போட்டீங்க?"

"மூணு வாரம் ஆச்சி."

"மூணு வாரத்துக்கு முன்னாடியே திட்டம்!" சாந்தினி வேகமாக எழுதினாள். "உள்ளேர்ந்து கதவத் தொறக்கலாமா?"

"முடியாது. உள்பக்கக் கைப்பிடி இன்னும் வரல. திங்கக்கிழமைதான்."

"கைபேசி?"

"கதவுல ரெண்டு இரும்புத் தகடு. லைன் வரவே வராது!"

க்ளிக்!

கோலினின் மணிக்கட்டில் விலங்கு விழுந்தது.

"என்னா அண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க..." கோலினின் குரல் உடைந்தது. "நாளைக்கு சர்ச்ல நான் வாசிக்கணும்ணே. இனிமே லோக்காப்லதான் தட்டு தட்டணும்!"

அப்போதுதான் விக்னேஸ்வரனுக்கு உறைத்தது. அறையை விளக்குகிறேன் என்று ஒரு மனிதனைத் தூக்குமேடை வரை கொண்டுபோய் விட்டிருக்கிறான்!

"புவான்... நான் சொன்னது ரூமப் பத்தி..."

"போலீஸ் பாலாய்ல வந்து சொல்லுங்க. உடந்தைன்னு உங்களையும் சேத்துக்கிறேன்!"

அந்த நொடியில்...

வீட்டின் பின்புறத்தைச் சோதிக்கப் போயிருந்த கான்ஸ்டபிளின் அலறல்!

"புவான்! ஓடியாங்க! சுவரு முனகுது!"

ஓடினார்கள். பின்சுவரில், புல்லுக்கு ஒரு முழம் மேலே, ஒரு சதுரத் துளை. அதற்குள்ளிருந்து...

"ம்ம்ம்ம்ங்ங்ங்..."

நிசப்தம். நான்கு நொடி.

"ம்ம்ம்ம்ங்ங்ங்..."

மங்களம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது என்னா ஓட்டை?" சாந்தினி கத்தினாள். "ஊசி ஓட்டைகூட இல்லன்னீங்க!"

"காத்துப் பெட்டி, புவான்." விக்னேஸ்வரன் துளையருகே மண்டியிட்டான். "அவ்வளவு இறுக்கமா அடைச்சா உள்ள மனுஷன் மூச்சு விட வேணாமா? சின்ன காத்தாடி ஓடிக்கிட்டே இருக்கும். ஆனா காத்து நேரா வராது. பெட்டிக்குள்ள வளைஞ்சி வளைஞ்சி வரும். கூர்மையான சத்தமெல்லாம் ஒவ்வொரு மூலையிலயும் பஞ்சுல மோதி செத்துடும். தடிச்ச சத்தம் மட்டும் கொஞ்சம் தப்பிக்கும். அதான் வார்த்தை ஒண்ணும் புரியல, வெறும்..."

நிறுத்தினான்.

முகம் வெளுத்தது.

"உள்ள ஆள் இருக்கு!"

"சாகக் கெடக்கிறாரு!" சாந்தினி திரும்பி ஓடினாள். "கதவ ஒடைங்க!"

கைப்பிடி சுழன்றது. கதவு அசையவில்லை! சட்டத்தோடு சட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தது. கான்ஸ்டபிள் கடப்பாரையைக் கொண்டுவந்தான். விக்னேஸ்வரன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். தன் பிள்ளையை அடிப்பதைப் பார்க்க முடியாதவன் போல.

தட்! தட்! தடால்!

குப்பென்று குளிர்காற்று. பசையை உலர்த்த விக்னேஸ்வரன் ஏர்கோனைப் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

இருட்டு. டார்ச் வெளிச்சம் டிரம்ஸ் மீது விழுந்தது... ஒலிவாங்கிகள் மீது விழுந்தது... தரை விரிப்புக்கு இறங்கியது...

ஓர் உடல்!

மல்லாந்து கிடந்தது. கைகள் விரிந்திருந்தன. வாய் பிளந்திருந்தது.

"அங்கிள்..." கோலின் விலங்கோடு முகத்தைப் பொத்திக்கொண்டான்.

சாந்தினி மெல்லக் குனிந்தாள். மூக்கருகே விரலை நீட்டினாள்.

"கொர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்!"

விரலை வெடுக்கென்று இழுத்தாள்.

உடையப்பன் ஒரு கண்ணைத் திறந்தார். "யாரது? மணி என்னா?"

"மூணு மணி அங்கிள்!"

"ராத்திரியா?"

"சனிக்கிழமை மத்தியானம்!"

உடையப்பன் ஒரு கணம் யோசித்தார். பிறகு அறுபத்திரண்டு வயதுக்குச் சற்றும் பொருந்தாத வேகத்தில் எழுந்தார். "டாய்லெட் எங்க?"

எல்லோரையும் இடித்துக்கொண்டு படியேறிப் பறந்தார்!

"நல்லவேளை, கொலை இல்ல," சாந்தினி மூச்சு விட்டாள். "ஆனா ஒரு மனுஷன அடைச்சி வச்சதும் குற்றம்தான். கோலின், நட!"

"நான் அடைக்கல புவான்!"

"ஒன் ரூம். ஒன் கதவு. வேற யாரு?"

விக்னேஸ்வரனோ, கிழிந்த ரப்பர் பட்டையின் முன் உட்கார்ந்து, சட்டத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"புவான்... ஒரு நிமிஷம்."

"இன்னும் என்னா விளக்கம்?"

"கடைசி விளக்கம். நேத்து அஞ்சு மணிக்கு பசை தடவினேன். தடவினதும் கதவ மூடக்கூடாது. அரை மணி நேரம் தொறந்தே கெடக்கணும். தொட்டா விரல்ல ஒட்டாத பக்குவம் வரணும். அப்புறம் மூடினா, பட்டை கதவோட மட்டும் இருக்கும். அதுக்கு முன்னாடி மூடினா பசை பிதுங்கி சட்டத்தோடயும் ஒட்டிக்கும். இங்க பாருங்க... நாலு பக்கமும் பிதுங்கியிருக்கு! தடவி பத்து நிமிஷத்துக்குள்ள யாரோ மூடியிருக்காங்க."

"நீங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்!"

"அந்த அரை மணி நேரமும் நானும் கோலினும் முச்சந்தி மாமாக் கடையில தே தாரே குடிச்சோம். கடையில கேமரா இருக்கு. திரும்பி வந்தா கதவு மூடியிருந்திச்சி. கோலின் முன்னாடி நடந்தாரு, அவருதான் மூடினாருன்னு நெனச்சி காகிதத்த ஒட்டிட்டுப் போயிட்டேன்."

"நான் நேரா மேல போயிட்டேன்!" கோலின் கூவினான். "அண்ணன்தான் மூடினாருன்னு நெனச்சேன்!"

"அப்ப மூடினது யாரு?"

"பிதுங்குற பசை கறுப்பு, புவான். மூடினவங்க விரல்ல பட்டிருக்கும். சோப்புக்கெல்லாம் போகாது. மூணு நாளைக்கு இருக்கும்."

எல்லோரும் தத்தம் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஒருத்தி மட்டும் வலது கையை மெல்ல முந்தானைக்குள் மறைத்தாள்.

"ஆண்ட்டி..." கோலினின் குரல் மெதுவாக வந்தது. "நீங்க கண்மையே போட மாட்டீங்களே!"

மங்களம் தலை குனிந்தாள்.

"இருபத்தெட்டு வருஷம் புவான்..." பொலபொலவென்று கொட்டியது. "பகல் முழுக்க கொம்ப்ளேன்! ராத்திரி முழுக்க கொறட்டை! இவன் டிரம்ஸ் பத்து மணிக்கு நிக்கும். அவரு டிரம்ஸ் அப்பதான் ஆரம்பிக்கும்! நேத்து சத்தம் அளக்குற மெஷினத் தூக்கிக்கிட்டு இங்க வந்தாரு. நானும் பின்னாடியே வந்தேன். உள்ள நின்னுகிட்டு, 'மங்களம், கதவ மூடு, நான் கத்துறேன், கேக்குதான்னு சொல்லு'ன்னாரு. மூடினேன். கைப்பிடியத் திருப்பினேன். அவரு குரலு பாதி வார்த்தையில நின்னு போச்சி..."

அவள் முகத்தில் ஒரு விநாடி சொர்க்கம் தெரிந்தது.

"அஞ்சு நிமிஷம் கண்ண மூடிட்டு வரலாம்னு வீட்டுக்குப் போயி படுத்தேன்."

"எழுந்தது?"

"இன்னிக்கு மத்தியானம் ஒரு மணி! ஓடி வந்து பாத்தா சிவப்பு எழுத்துல 'திறக்காதே'ன்னு இருக்கு. இழுத்தா வரல. சொன்னா என்னைப் புடிப்பீங்க, சொல்லலன்னா அவரு போயிடுவாரு. அதான் காணோம்னு ரிப்போர்ட் குடுத்தேன்... நீங்களே தொறப்பீங்கன்னு!"

கன்னத்துக் கோடுகள் அழுததால் வந்தவை அல்ல. தலையணையால் வந்தவை!

சாந்தினி பெருமூச்சு விட்டுக் கோலினின் விலங்கைக் கழற்றினாள். அதை மங்களத்தின் பக்கம் நீட்டும்போது, படியில் உடையப்பன் இறங்கி வந்தார். முகத்தில் ஒரு புதுப் பொலிவு.

"யாரையும் புடிக்க வேணாம்!" கையை உயர்த்தினார். "மொத ரெண்டு மணி நேரம் கத்தினேன். குச்சிய எடுத்து டிரம்ஸையும் வெளுத்து வாங்கினேன். ஒருத்தனும் வரல. அப்புறம்தான் கவனிச்சேன்... என்னா ஒரு அமைதி! நாய் இல்ல, லோரி இல்ல, மோட்டார்சைக்கிள் இல்ல! வாழ்க்கையில இப்படி ஒரு தூக்கம் தூங்கினதில்லலா!"

விக்னேஸ்வரன் மெல்லத் திரும்பினான்.

"கோலின்... அங்கிள் ரெண்டு மணி நேரம் டிரம்ஸ் அடிச்சிருக்காரு. மேல ஒங்களுக்கு... கேக்கலியா?"

"ஒரு தட்டுகூட கேக்கலண்ணே!"

விக்னேஸ்வரனின் கண்களில் நீர் நிறைந்தது. இப்படி ஒரு சோதனையில் எந்த அறை தேறியிருக்கிறது!

"ஆனா ஒரு கொம்ப்ளேன் எழுதியே ஆகணும்," என்று பேனாவை எடுத்தார் உடையப்பன்.

"நாப்பத்தி ரெண்டாவதா?" கோலின் பதறினான். "என் மேலயா அங்கிள்?"

"போலீஸ் மேல! கதவ ஒடைக்கிற சத்தத்துல நல்ல தூக்கம் போச்சி!"

சாந்தினி விலங்கைப் பையில் போட்டுக்கொண்டு படியேறினாள்.

விக்னேஸ்வரன் உடைந்த கதவைத் தடவிக் கொடுத்தான். "கவலப்படாதீங்க கோலின். திங்கக்கிழமை புது பட்டையும், உள்பக்கக் கைப்பிடியும் கொண்டாந்து பசாங் பண்ணிடுறேன்."

மங்களம் அவனருகே வந்தாள். புருஷன் எழுதிக்கொண்டிருப்பதை உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"பட்டைய நாளைக்கே போட்டுடுங்கண்ணே. உள்பக்கக் கைப்பிடிக்கு மட்டும்... அவசரமே இல்லலா!"