உறைபெட்டிக்குள் ஒரு நாணயம்

யில்வா உள்ளே வந்தபோது கோட்டைக்கூடக் கழற்றவில்லை. தோளில் படிந்திருந்த பனி உருகித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. நவம்பர் மாதத்து வடக்கு ஸ்வீடன். மதியச் சாப்பாடு முடிந்து காபி குடிப்பதற்குள் வெளியே இருட்டிவிட்டது.

"திருடின்னு சொல்லியிருந்தாக்கூடத் தாங்கிக்குவேன் அஸ்டா," என்றாள். "ஆய்வுல பொய்யான எண்களைப் போட்டவள்னு சொல்றாங்க."

அஸ்டா ஹெய்மர் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் புரட்டுகளை விசாரிக்கும் அதிகாரி. பாதி வாழ்நாளைச் சோதனைக்கூடத்தில் கழித்துவிட்டு இந்த நாற்காலிக்கு வந்தவள். லேசில் அசைய மாட்டாள். உதவிக்கு இருந்த எஸ்கில் சட்டம் படித்தவன். விஷயம் தெரியும் முன்பே ஆளைப் பிடித்துவிடத் துடிப்பவன்.

"உட்காரு. முதல்லேருந்து சொல்லு," என்றாள் அஸ்டா.

ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுக்கும் மருந்து, சிலருடைய இதயத்தைக் கெடுத்துவிடுகிறது. யாருடைய ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட புரதம் அதிகமோ அவர்களுக்குத்தான் ஆபத்து. மருந்தைக் குறைக்க வேண்டும். யில்வாவின் முனைவர் பட்ட ஆய்வு அதைத்தான் கண்டுபிடித்தது. வசந்தத்தில் அவள் அளந்த அதே ரத்தத்தைச் சென்ற மாதம் அதே ஆய்வுக்கூடத்தின் யெப்பே என்பவன் சரிபார்ப்பதற்காக மறுபடி அளந்தான். புரதம் ஏறக்குறைய இல்லவே இல்லை.

"அடுத்த வாரம் நம்ம வழக்கப்படி என் ஆய்வேட்டைச் சுவத்துல ஆணியடிச்சு மாட்டணும். ஊர் கூடும், கேக் வெட்டுவாங்க. இப்போ என்னை வெளிய அனுப்பப் போறாங்க. இந்த ஊர்ல மட்டும் இல்ல, எங்கேயும் இனி என்னைச் சேர்க்க மாட்டாங்க."

"ரத்தம் உருகிக் கெட்டுப் போயிருக்கலாமே?" என்றான் எஸ்கில்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா காசு மேலயே இருக்கே."

எஸ்கில் விழித்தான். அஸ்டாதான் விளக்கினாள். "ஒரு கிளாஸ்ல தண்ணியை உறைய வச்சு, மேல ஒரு நாணயத்தை வச்சு உறைபெட்டிக்குள்ள விட்டுடுவோம். கரண்ட் போய்ப் பனிக்கட்டி உருகினா காசு அடியில போயிடும். அப்புறம் மறுபடி உறைஞ்சாலும் நம்மகிட்ட பொய் சொல்ல முடியாது."

ரத்தம் வைத்திருந்த உறைபெட்டி நிலவறையில் இருந்தது. யெப்பே டென்மார்க்காரன். வாயில் எப்போதும் ஒரு கிண்டல் தயாராக இருக்கும். யில்வாவின் பேராசிரியை குன்வோரும் வந்து நின்றாள். நல்ல உயரம், தூங்காத கண்கள். கையுறைமேல் ஸ்பிரிட் தெளித்துக்கொள்ளச் சொன்னார்கள். எஸ்கில் கையைக் குளிப்பாட்டியே விட்டான்.

"அவ்வளவும் வேண்டாம் வக்கீலே, உங்களுக்கு ஆபரேஷன் இல்ல," என்றபடி யெப்பே கதவைத் திறந்தான். "நாலு வருஷமா இதை யாரும் அணைச்சுப் பனியைச் சுரண்டினதில்ல. அந்த வேலைன்னா எல்லாருக்கும் அவசரமா வேற வேலை வந்துடும்."

குளிர் புகையாக வெளியே வழிந்தது. அஸ்டா விரலால் உள்சுவரைத் தடவினாள். மெல்லிய வெண்படலம் மட்டும் விரலில் ஒட்டியது. அட்டைப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. அடித்தட்டுப் பெட்டி ஒன்றை எடுத்தாள். மூலைகள் தொய்ந்து, அடிப்பாகம் அப்பளம் போல நெளிந்திருந்தது. அப்படியே திரும்ப வைத்தாள்.

எஸ்கில் கிளாஸை எடுத்தான். பனிக்கட்டிமேல் நாணயம் சாதுவாகக் கிடந்தது. கிளாஸின் வெளிப்புறத்தில் சென்ற ஆண்டுத் தேதி ஒன்று எழுதியிருந்தது. அவன் திருப்பிப் பார்ப்பதற்குள் தேதி மறைந்து, கையுறையில் நீலம் அப்பிக்கொண்டது.

"சாட்சியத்தை நானே அழிச்சுட்டேன் போல," என்று அசடு வழிந்தான்.

"இல்ல. நீதான் கண்டுபிடிச்சே," என்றாள் அஸ்டா. பிறகு பொதுவாகக் கேட்டாள்: "ஆள் இல்லாத நாள்ல கரண்ட் போனா அலாரம் யாருக்குப் போகும்?"

"பொறுப்புல இருக்கறவங்க போனுக்கு. ஜூலையில ஆய்வுக்கூடமே காலி, எல்லாரும் விடுமுறை. நான்தான் பொறுப்பு எடுத்துக்கிட்டேன்," என்றாள் குன்வோர். "ஒரு அழைப்பும் வரல."

மாடிப்படியில் எஸ்கில் கிசுகிசுத்தான். "யெப்பேதான். அவளை விழத்தட்டினா அவனுக்கு நல்ல பேரு."

"அவனா இருந்தா எனக்கும் நிம்மதி," என்றாள் அஸ்டா. அந்தக் குரல் எஸ்கிலுக்குப் பிடிக்கவில்லை. அவள் பயந்து அவன் பார்த்ததில்லை.

யில்வா, யெப்பே, குன்வோர் மூவரையும் காபி அறைக்கு அழைத்தாள். ஏலக்காய் ரொட்டியை யாரும் தொடவில்லை. ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் கிளாஸ் வைத்தாள்.

"இன்னைக்குத் தேதியை எழுதுங்க. போதும்."

"பரீட்சையா?" என்று யெப்பே சட்டைப்பையிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்தான். யில்வாவும் அப்படியே. குன்வோர் தன் பையைத் துழாவி, கூட்டங்களில் வெள்ளைப் பலகையில் எழுதும் நீலப் பேனாவை எடுத்து எழுதினாள். அஸ்டா மூன்றின்மேலும் ஸ்பிரிட் தெளித்துத் துடைத்தாள். இரண்டு தேதிகள் அப்படியே இருந்தன. மூன்றாவது கிளாஸ் வெறுமையாக நின்றது.

"சோதனை மேஜையில வேலை செய்யறவங்க கையில எந்நேரமும் ஸ்பிரிட். அதுல அழியற பேனாவால அவங்க எதுலயும் எழுத மாட்டாங்க, தூக்கத்துலகூட. அதை மறக்கறவங்க, சோதனைக்கூடத்தை விட்டு ரொம்ப நாள் ஆனவங்கதான்." அஸ்டா நிதானமாகப் பேசினாள். "நாலு வருஷம் சுரண்டாத பெட்டிக்குள்ள கைப்பருமன் பனி இருக்கணும். இல்ல. அட்டை நனைஞ்சு காய்ஞ்சிருக்கு. ஆக, பெட்டி முழுசா உருகியிருக்கு. அதைச் சொல்ல வேண்டிய நாணயத்தை யாரோ புதுசா உறைய வச்சு, பழைய தேதியைப் போட்டு மாத்தி வச்சாங்க. உருகினது தெரிஞ்சா யில்வா தப்பிச்சிருப்பா, யெப்பேக்கும் மறைக்க ஒண்ணுமில்ல. மறைக்க வேண்டியவங்க, அலாரம் யாருக்குப் போச்சோ அந்த ஆள் மட்டும்தான்."

குன்வோர் அந்த வெறும் கிளாஸைக் கவிழ்த்து வைத்தாள்.

"போன் அடிச்சுது," என்றாள். "அதுக்கு முன்னாடி பல தடவை சும்மா அடிச்சுது. இதுவும் அப்படித்தான்னு படகுல படுத்துக்கிட்டே அணைச்சுட்டேன். ஆகஸ்ட்ல முதல் ஆளா வந்தேன். ஃபியூஸ் போயிருந்தது. கிளாஸ்ல தண்ணி, அடியில காசு. இருபது வருஷம் சேர்த்த ரத்தம்."

"துறைக்காரங்க என்னைக் கேள்வி கேட்டப்போ நீங்க பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க," என்றாள் யில்வா. "தண்ணிகூட எடுத்துக் குடுத்தீங்க."

எஸ்கிலுக்குக் கோபத்தில் முகம் சிவந்துவிட்டது. "யில்வாமேல இனி எந்தப் பழியும் இல்ல. இன்னைக்கே நான் எழுதித் தரேன்," என்றான்.

யில்வா அவன் பக்கம் திரும்பவே இல்லை. மெதுவாக யெப்பேயைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரி அனுப்பின பெட்டியும் அதுக்குள்ளதானே இருந்துச்சு? இப்போ சிகிச்சையில இருக்கற குழந்தைங்ககிட்ட ஜூன்ல எடுத்த ரத்தம்?"

யெப்பேயின் முகத்திலிருந்து கிண்டல் வடிந்துவிட்டது. "ஆகஸ்ட்ல நான்தான் அளந்தேன். எல்லாருக்கும் புரதம் கம்மி. நல்ல செய்தின்னு சந்தோஷமா அனுப்பினேன். முழு மருந்தும் ஏத்தலாம்னு."

"நீங்க அந்த அறிக்கையில கையெழுத்துப் போட்டீங்களா?" என்று அஸ்டா குன்வோரிடம் கேட்டாள்.

ஆமென்று குன்வோர் தலையசைத்தாள்.

யெப்பே ஏற்கெனவே குழந்தைகள் பிரிவுக்குப் போன் போட்டிருந்தான். மருந்தை உடனே நிறுத்தச் சொன்னான். எதிர்முனையில் செவிலி ஏதோ கேட்டாள். அவன் போனைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினான்.

"எந்தக் குழந்தைக்குன்னு கேக்கறாங்க."

"எல்லாருக்கும்," என்றாள் குன்வோர்.